ஏ ரயில் திரையில் ஹவர்ட் பீச் பெயரே வரவில்லை: அப்பாவைத் தனியாக அனுப்பலாமா?

ஹட்சன்கரை:

நியூயார்க்கில் இருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

அடுத்த வாரம் அத்தை ஊரிலிருந்து வருகிறார். மதியம் ஜேஎஃப்கே விமான நிலையத்தில் இறங்குகிறார். வார நாள் என்பதால் எனக்கும் என் கணவருக்கும் லீவு கிடைக்காது. அப்பாதான் போய் அழைத்துவர வேண்டும். டாக்சி என்றாலே அவருக்குக் கோபம் வரும். "ரயில் இருக்கும்போது டாக்சி எதற்கு?" என்று ஒரே பிடிவாதம்.

முன்பு உட்சைடில் இருந்தோம். 7-ஆம் எண் ரயிலில் ஏறி, மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்கி, பவுன் தெருப் பிள்ளையார் கோயிலுக்குத் தனியாகவே போய் வருவார். அந்த வண்டியில் தலைக்கு மேலே நீளமாக ஒரு பட்டை இருக்கும், எல்லா நிலையங்களும் அச்சடித்து. இனி வரப்போகிற நிலையங்களுக்கு மட்டும் சின்ன விளக்கு எரியும். அதைப் பார்த்துக்கொண்டே போவார், யாரையும் எதுவும் கேட்க மாட்டார்.

இப்போது மன்ஹாட்டனில் 181-வது தெருப் பக்கம் வந்துவிட்டோம். இங்கிருந்து ஏ ரயில். போன வாரம் ஒத்திகை பார்க்கிறேன் என்று தானாகவே கிளம்பினார். வந்தது திரை வைத்த புது வண்டி. அச்சடித்த பட்டையைத் தேடியிருக்கிறார், இல்லை. விமான நிலையத்துக்கு மாற வேண்டிய நிலையம் ஹவர்ட் பீச். திரையில் ஓடிய பெயர்களில் அதைத் தேடியிருக்கிறார், அதுவும் இல்லை. தப்பான வண்டி என்று 59-வது தெருவில் இறங்கித் திரும்பி வந்துவிட்டார்.

அவர் ஏறியது சரியான வண்டியா? திரையில் ஏன் பெயர் வரவில்லை? போனில் ஆப் பாருங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், அவருடைய போன் பேச மட்டும்தான்.

நீலக்கோடு:

பெரும்பாலும் சரியான வண்டிதான். திரையிலும் கோளாறு இருந்திருக்காது. அது முழு வழியையும் காட்டுவதற்கு வைத்த திரை இல்லை, அவ்வளவுதான்.

2006-இல் ஆர்160 என்ற வகை வண்டிகளோடு வந்த முறை இது. அடுத்து வரும் 10 நிலையங்களை வரிசையாகக் காட்டும். அதற்கு அப்பால் உள்ளவை பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி வரும், கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் போய்விடும். ஏ வழியில் ஓடும் ஆர்179-இலும் இதே ஏற்பாடு.

இப்போது எண்ணிப் பாருங்கள். 181-இல் ஏறினால் அடுத்த 10: 175, 168, 145, 125, 59, 42, 34, 14, வெஸ்ட் 4, கெனால். அதோடு பட்டியல் முடிந்தது. வண்டி இன்னும் புரூக்ளினுக்குள்ளேயே போகவில்லை. ஹவர்ட் பீச் அதையும் தாண்டி குயீன்ஸில் இருக்கிறது. சில நிலையங்களில் நிற்காமல் போகும் பகல் நேர எக்ஸ்பிரஸ் கணக்கில், ஹாய்ட்–ஷெர்மர்ஹார்னைத் தாண்டிய பிறகுதான் அந்தப் பெயர் 10-வது இடத்தில் வந்து உட்காரும். 59-இல் இறங்கியவர் கண்ணில் எப்படிப் படும்?

தண்டவாளம்:

நீலக்கோடு சொன்னது சரி. ஆனால் "பெரும்பாலும்" என்று அவர் போட்ட சொல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள், ஹட்சன்கரை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

ஏ ரயில் தெற்கே ஒரே இடத்துக்குப் போவதில்லை. ராக்கவே பொலிவார்ட் நிலையம் வரை எல்லா ஏ-யும் ஒன்றாகப் போகும். அங்கே பாதை பிரிகிறது. ஒரு கிளை 104, 111 தாண்டி ஓசோன் பார்க்–லெஃபர்ட்ஸ் பொலிவார்டில் முடிந்துவிடும். இன்னொரு கிளை ஹவர்ட் பீச் வழியாக ஃபார் ராக்கவே போகும். நெரிசல் நேரத்தில் சில வண்டிகள் ராக்கவே பார்க் வரை போகும், அவையும் ஹவர்ட் பீச் வழிதான். ஆக, லெஃபர்ட்ஸ் வண்டியில் ஏறிவிட்டால் திரையை எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஹவர்ட் பீச் வராது.

அப்பா பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் திரையை அல்ல. ஏறுவதற்கு முன் இரண்டு இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: நடைமேடையில் தொங்கும் நேரப் பலகை, வண்டியின் வெளிப்பக்கத்தில் ஜன்னலோரம் எரியும் பெயர். இரண்டிலும் கடைசி நிலையத்தின் பெயர் இருக்கும். ஃபார் ராக்கவே என்றால் ஏறலாம். லெஃபர்ட்ஸ் என்றால் விட்டுவிட்டு அடுத்ததுக்கு நிற்கலாம்.

ஒரு சிக்கல் உண்டு. "ராக்கவே" என்ற பெயர் மூன்று இடங்களில் வருகிறது. ராக்கவே பொலிவார்ட் என்பது பிரிகிற இடம், அங்கே எல்லா ஏ-யும் நிற்கும். அறிவிப்பில் "ராக்கவே" என்று காதில் விழுந்ததும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட வேண்டாம்.

பழைய_குயீன்ஸ்காரன்:

எல்லாரும் திரைக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். நான் அப்பா கட்சி.

பெரியவர்கள் "இப்போது எங்கே இருக்கிறேன்" என்று மட்டும் பார்ப்பதில்லை. "இன்னும் எவ்வளவு தூரம், என் நிலையம் எந்தப் பக்கம்" என்று மொத்தத்தையும் ஒரு பார்வையில் பார்க்க நினைக்கிறார்கள். அச்சடித்த பட்டை அதை எப்போது நிமிர்ந்து பார்த்தாலும் கொடுக்கும், மின்சாரம் போனாலும் கொடுக்கும். திரையோ நாம் நிமிரும் நேரம் பார்த்து விளம்பரத்துக்குப் போகும். அது திரும்பி வருவதற்குள் கதவு திறந்து மூடிவிடும். எழுத்து பெரிது, வண்ணம் பளிச் என்பதெல்லாம் சரி. பெயர் அந்த நேரத்தில் அங்கே இல்லையென்றால் எவ்வளவு பெரிய எழுத்தாக இருந்து என்ன?

தண்டவாளம்:

குயீன்ஸ்காரரே, விளம்பர விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும். ஆனால் அந்தப் பட்டை ஏ வண்டியில் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் உண்டு.

விளக்குப் பட்டை 2000-இல் ஆர்142 வண்டிகளோடு வந்தது. அதில் வழி அச்சில் இருக்கிறது, விளக்கு மட்டும்தான் மாறும். அதனால் அந்த வண்டி அந்த வழிக்கே நேர்ந்துவிட்ட மாதிரி. வேறு வழிக்கு அனுப்பினால் பட்டை வெறும் அலங்காரம். 7-க்கு அது பொருந்துவது ஏனென்றால், அங்கே எந்த வண்டி வந்தாலும் ஒரே தண்டவாளக் கோடு, இரண்டே முனைகள். ஏ-யில் ஓடும் வண்டிகளை சி ரயில் வழிக்கும் மாற்றி விடுகிறார்கள், போதாததற்கு முனையும் பிரிகிறது.

புது நிலையம் திறக்கும்போதுதான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். 2015 செப்டம்பரில் 7-ஆம் எண்ணுக்கு 34-வது தெரு–ஹட்சன் யார்ட்ஸ் வந்தது. பட்டை என்றால் அச்சிலேயே அதற்கு இடம் வேண்டும். 2017 ஜனவரி 1-இல் இரண்டாவது அவென்யூவில் 72, 86, 96 என மூன்று நிலையங்கள் கியூ ரயிலுக்குத் திறந்தன. அந்த மாதிரித் திரை உள்ள வண்டிக்கு மென்பொருளை மாற்றினால் போதும். அதோடு திரை என்ன காட்ட வேண்டும் என்பது வண்டி ஊழியர் உள்ளிடும் வழிக் குறியீட்டைப் பொறுத்தது. வார இறுதியில் பராமரிப்பு வேலைக்காக வண்டியை வேறு தடத்தில் திருப்பினால் அச்சுப் பட்டைக்கு அது தெரியவே தெரியாது.

2023 மார்ச்சில் ஏ-யில் ஓட ஆரம்பித்த ஆர்211-உம் இதே தத்துவம்தான், முழு வண்ணத் திரை. (கதவு 58 அங்குல அகலம், பழையது 50. அத்தை பெட்டிகளோடு வருவார் என்பதால் சொல்கிறேன்.)

லண்டன்_வெயில்:

குறுக்கே ஒரு வார்த்தை. இங்கே சர்க்கிள், டிஸ்ட்ரிக்ட், ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி என்று பல வழிகளில் ஒரே வகை வண்டி ஓடுகிறது. எல்லா வழியையும் சேர்த்து ஒரே படமாக ஜன்னலுக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள், கூடவே மின்னணுப் பலகையும் உண்டு. வழி பிரிகிறது என்பதற்காக அச்சுப் படத்தையே எடுக்க வேண்டும் என்பதில்லை. இரண்டும் இருந்தால் யாருக்கு நஷ்டம்?

ஹட்சன்கரை:

எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் அந்த 10 நிலையக் கணக்கைச் சொன்னேன். "அப்படியானால் வண்டி சரி, பலகைதான் பாதி சொல்கிறது" என்றார். பாதி கோபம் போய்விட்டது.

இன்னும் இரண்டு சந்தேகம். ஏறும்போது கூட்டத்தில் கடைசி நிலையப் பெயரைக் கவனிக்காமல் லெஃபர்ட்ஸ் வண்டியில் ஏறிவிட்டால் என்ன செய்வது? சில நேரம் திரையே இல்லாத பழைய வண்டியும் வருகிறதே, அதில் எப்படி?

நீலக்கோடு:

லெஃபர்ட்ஸ் வண்டியில் ஏறிவிட்டால் பதற்றமே வேண்டாம். ராக்கவே பொலிவார்டில் இறங்கி, அதே நடைமேடையில் நின்றால் போதும். ஃபார் ராக்கவே வண்டியும் அங்கேதான் வரும். படி ஏற வேண்டாம், திரும்பக் காசு கட்ட வேண்டாம்.

பழைய வண்டி என்று நீங்கள் சொல்வது ஆர்46, 1970-களில் வந்தது. உள்ளே திரையும் இல்லை, விளக்குப் பட்டையும் இல்லை. நடத்துநர் ஒலிபெருக்கியில் சொல்வதுதான், அது புரிகிற நாளும் உண்டு, புரியாத நாளும் உண்டு. அதிலும் வெளிப்பக்கம் கடைசி நிலையப் பெயர் எரியும். சுவரில் முழு வலைப்பின்னல் வரைபடம் இருக்கும். 2025 ஏப்ரலில் வெளியிட்ட புது வரைபடத்தில் கோடுகள் நேர்நேராக இருப்பதால், நீலக்கோடு எங்கே கிளை பிரிகிறது என்பது பழையதைவிடத் தெளிவாகத் தெரிகிறது. 1979-இலிருந்து பழகிய பாணியை மாற்றிவிட்டார்களே என்று எனக்கு வருத்தம்தான், ஆனால் இந்த வேலைக்குப் புதியதே மேல்.

பழைய_குயீன்ஸ்காரன்:

அம்மா, ஒரு யோசனை. வண்டியில் பட்டை இல்லையென்றால் அப்பா கையில் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

தடித்த அட்டை ஒன்றை நீளவாக்கில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரே கோடு, பெயர்கள் ஆங்கிலத்தில், பலகையில் இருக்கிற அதே எழுத்துக்கோவையில். தமிழில் எழுதினால் பலகையோடு ஒப்பிட முடியாது. எல்லா நிலையமும் வேண்டாம்: 181, 59, 42, ஃபுல்டன், ஜே ஸ்ட்ரீட், ஹாய்ட், யூட்டிகா, பிராட்வே ஜங்ஷன், யூக்ளிட், ராக்கவே பொலிவார்ட். அதற்குக் கீழே கோட்டை இரண்டாகப் பிரியுங்கள். லெஃபர்ட்ஸ் பக்கம் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. இன்னொரு பக்கம் அக்விடக்ட்–நார்த் கண்டியூட், அடுத்து ஹவர்ட் பீச், அதைச் சுற்றி வட்டம். ஹாய்ட் பக்கத்தில் "இதற்குப் பிறகு திரையைப் பார்க்கவும்" என்று மட்டும் தமிழில் எழுதுங்கள்.

தண்டவாளம்:

அருமை. ஹவர்ட் பீச்சில் இறங்கியதும் விமான நிலையத்துக்குள் போகும் ஏர்ட்ரெயின். அதற்குத் தனிக் கட்டணம், திரும்பி வரும்போதும் உண்டு. லிஃப்ட் இருக்கிறது. திரும்பும்போது இந்தத் தொல்லையே இல்லை, ஹவர்ட் பீச்சில் மன்ஹாட்டன் பக்கம் வரும் எந்த ஏ-யும் 181-க்குத்தான் போகும்.

விமானம் தாமதமாகி நள்ளிரவு ஆகிவிட்டால் ஏ எல்லா நிலையத்திலும் நின்று நின்று வரும், திரையில் இடையிடையே வேறு நிலையங்களின் பெயர்களும் வரும். அதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஹட்சன்கரை:

அட்டை தயார். அப்பா பார்த்துவிட்டு 175-ஐயும் 168-ஐயும் ஏன் விட்டாய் என்று கேட்டு, தன் கையாலேயே எழுதிச் சேர்த்துவிட்டார். நாளை மறுபடி ஒத்திகையாம். இந்த முறை ஹவர்ட் பீச் வரை போய், ஏர்ட்ரெயின் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாராம்.