ஒரே கம்பெனிக்கு கன்சல்டன்டாக வேலை, கையில் வரி நோட்டீஸ்: யாரிடம் போனீர்கள், என்ன நடந்தது?

பாளையங்கோட்டை, டிசைன் இன்ஜினியர்:

நான் முதலில் எழுதுகிறேன், மற்றவர்கள் தொடருங்கள்.

2021 வரை ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்தேன். அதன்பிறகு அவர்களே, "இனி கன்சல்டன்டாக இருங்கள், வீட்டிலிருந்தே செய்யலாம்" என்றார்கள். பிஎஃப் நின்றது, தொழில் கட்டணத்துக்கான 194ஜே பிரிவில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வரி, பிடித்தார்கள். இன்ஜினியர் என்பதால் 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டி ரிட்டர்ன் போட்டேன். 2024 ஜூனில் 143(2) நோட்டீஸ், அதாவது ரிட்டர்னை விரிவாகச் சோதிக்கிறோம் என்ற ஸ்குரூட்டினி நோட்டீஸ், வந்தது. சுருக்கமாகக் கேள்வி இதுதான்: முன்பு உமக்குச் சம்பளம் கொடுத்த அதே நிறுவனம்தான் இப்போதும் கொடுக்கிறது, இதை ஏன் சம்பளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது?

இதன் கனம் தெரியாதவர்களுக்கு ஒரு கணக்கு. வருடம் 24 லட்சம் வரவு என்றால் 44ஏடிஏ-யில் 12 லட்சத்துக்குத்தான் வரி. அதையே சம்பளம் என்று முடிவு செய்தால் அந்த ஆண்டுக்கான நிலையான கழிவு 50,000 போக 23.5 லட்சத்துக்கும் வரி. அதற்கு வட்டி. 270ஏ பிரிவில் அபராதமும் போட்டால், கூடுதல் வரியில் 50 சதவீதம். தெரிந்தே தவறாகக் காட்டினார் என்றால் 200 சதவீதம்.

வருடாவருடம் ரிட்டர்ன் போட்டுக்கொடுப்பவர், "ஒப்பந்த நகலை அப்லோட் பண்ணி ரெண்டு வரி பதில் போட்டுடலாம் சார்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் ரிட்டர்ன் போடுவது ஒரு தொழில், நோட்டீஸுக்கு வாதாடுவது வேறு தொழில். தெரிந்தவர் ஒருவர் வண்ணார்பேட்டையில் ஸ்குரூட்டினி கேஸ்களே பார்க்கும் ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்டிடம் அனுப்பினார். நோட்டீஸில் இருந்த டிஐஎன் என்ற அடையாள எண்ணை வருமான வரி தளத்தில் போட்டு அது உண்மையான நோட்டீஸ்தானா என்று பார்த்தார். அப்புறம் நான் நீட்டிய ஒப்பந்தத்தைத் தொடவே இல்லை.

"தம்பி, இதை அப்புறம் பாப்போம். லீவு வேணும்னா யார்ட்ட கேப்பிய? லேப்டாப் யாருது? உங்களுக்கு முடியலைன்னா வேற ஆளை வச்சு முடிச்சுக் கொடுக்கலாமா? வேற யாருக்காவது வரைஞ்சு கொடுத்திருக்கியளா?"

ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படியே போனது. என் மெயில்களைத் திறந்து, வர முடியாத நாட்களில் நான் அனுமதி கேட்டிருக்கிறேனா, தகவல் மட்டும் சொல்லியிருக்கிறேனா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எனக்குச் சாதகமாக இருந்தவை: லேப்டாப், மென்பொருள் லைசென்ஸ் இரண்டும் என் பெயரில் பில்லோடு இருந்தன, தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் வேறு இரண்டு சிறிய வாடிக்கையாளர்கள், வரவு 20 லட்சத்தைத் தாண்டியதால் ஜிஎஸ்டி பதிவு செய்து 18 சதவீத வரியோடு மாதாமாதம் போட்ட இன்வாய்ஸ்கள். பாதகமாக இருந்தது, கம்பெனி கொடுத்த மெயில் ஐடியும் அதன் அடியில் இருந்த பதவியும். அதையும் மறைக்காமல் பதிலில் எழுதி, எதனால் கொடுத்தார்கள் என்று காரணம் சொன்னார். ஆஸ்பத்திரி கன்சல்டன்ட் டாக்டர்கள் விஷயத்தில் பம்பாய் உயர்நீதிமன்றம் 2015-ல் கிராண்ட் மெடிக்கல் ஃபவுண்டேஷன் வழக்கில் சொன்னதையும் இணைத்தார். அங்கேயும் இதே தகராறுதான்: 192-வது பிரிவில் வரும் சம்பளமா, 194ஜே-யில் வரும் தொழில் கட்டணமா.

எல்லாம் முகமறியா மதிப்பீடு என்பதால் திருநெல்வேலி ஆபீசில் போய் யாரையும் பார்த்து விளக்க வழியில்லை. எழுதிப் போடுவதுதான் வாதம். அதனால்தான் எழுதத் தெரிந்த ஆள் முக்கியம் என்கிறேன். 2025 மார்ச்சில் ரிட்டர்னை அப்படியே ஏற்று உத்தரவு வந்தது. பிஎஃபும் கிராஜுவிட்டியும் மிச்சம் பிடித்தது கம்பெனி, நோட்டீஸ் வாங்கியது நான். அந்த வயிற்றெரிச்சல் மட்டும் இன்னும் போகவில்லை.

ஊர் சுரண்டை, வேலை இங்கிலாந்தில்:

அண்ணாச்சி, இங்கே இதே கதைக்கு ஐஆர்35 என்று பெயர். 2000 ஏப்ரல் 6-லிருந்து இருக்கிறது. சொந்தமாக ஒரு லிமிடெட் கம்பெனி வைத்துக்கொண்டு அதன் வழியாக வேலை செய்தாலும், நடுவில் அந்தக் கம்பெனி இல்லாவிட்டால் நீங்கள் அங்கே ஊழியர்தானே என்று ஹெச்எம்ஆர்சி, அதாவது இங்கத்திய வரித்துறை, கேட்கும். ஆமாம் என்றால் ஊழியர் போலவே வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸும். 2021 ஏப்ரலிலிருந்து தனியார் துறையிலும் நடுத்தர, பெரிய வாடிக்கையாளர்கள்தான் இதைத் தீர்மானித்து எழுத்தில் தர வேண்டும். வாடிக்கையாளர் சிறிய நிறுவனமாக இருந்தால் பொறுப்பு நம் கம்பெனி தலையில். எனக்கு வாய்த்தது அப்படிப்பட்ட சிறிய இடம்.

ஹெச்எம்ஆர்சி-யிடமிருந்து விசாரணைக் கடிதம் வந்ததும் சந்திக்கலாமே என்று அழைத்தார்கள். நம் ஊர் பழக்கத்துக்கு, கூப்பிட்டால் போய் விளக்கிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் தோன்றும். எனக்கு அமைந்த ஆலோசகர் முன்பு வரித்துறையிலேயே வேலை பார்த்தவர். சந்திப்புக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, எழுத்தில் பதில் தருவோம் என்றார். அடுத்து அவர் கேட்டதுதான் முக்கியம்: "உங்கள் வாடிக்கையாளரின் மேனேஜரிடம் ஹெச்எம்ஆர்சி நேரடியாகப் பேசினால் அவர் என்ன சொல்வார்?" அவர்கள் உண்மையிலேயே அங்கேயும் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் மாற்றாள் அனுப்பலாம் என்று அழகாக எழுதியிருக்கும். மேனேஜரோ, "அவரைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடமாட்டோம்" என்றால் அந்த வரி செல்லாக்காசு.

இங்கே பார்ப்பது முக்கியமாக மூன்று. கட்டுப்பாடு யார் கையில், மாற்றாள் அனுப்ப முடியுமா, வேலை கொடுத்தே ஆகவேண்டும் - செய்தே ஆகவேண்டும் என்ற கடமை இருக்கிறதா. 1968-ல் வந்த ரெடி மிக்ஸ்ட் கான்கிரீட் வழக்கிலிருந்து இதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். லாரி ஓட்டியவர்கள் விவகாரம் அது.

செலவு பற்றி: விசாரணை வந்தால் ஆலோசகர் கட்டணத்தைக் கொடுக்கும் காப்பீடு இங்கே உண்டு, என்னிடம் இருந்தது. கடிதம் வந்த பிறகு எடுத்தால் அந்த விசாரணைக்கு உதவாது. அந்தச் சின்ன பிரீமியத்தைத் தண்டச்செலவு என்று நிறுத்தப் பார்க்கிற நண்பர்களிடம் இதை மட்டும் சொல்வேன்.

வள்ளியூர், சிவில் சப்-கான்ட்ராக்டர்:

நம்மளுது கம்ப்யூட்டர் வேலை இல்லை, ரோடும் பாலமும். 2022 ஜூலை 18-லிருந்து அரசு வேலைகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 18 ஆனது எல்லோருக்கும் தெரியும். 12-க்கு ரேட் போட்டு எடுத்த வேலைக்குப் பின்னால் பில் பாஸானால் அந்த வித்தியாசம் யாருடையது என்ற சண்டையில் நோட்டீஸ். அந்த நோட்டீஸ் வந்ததே தெரியாது. ஜிஎஸ்டி தளத்தில் "கூடுதல் நோட்டீஸ்கள்" என்று ஒரு மூலை இருக்கிறது, அதில் போட்டுவிட்டு உத்தரவும் போட்டுவிட்டார்கள். வங்கிக் கணக்கை முடக்கிய பிறகுதான், கூலிப் பணம் எடுக்கப்போன சனிக்கிழமை கவுண்டரில் தெரிந்தது. மேஸ்திரி பக்கத்தில் நிற்கிறார்.

அப்பீலுக்கான மூன்று மாதம் தாண்டிவிட்டது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டோம். இப்படி ஒருதலைப்பட்சமாக வந்த உத்தரவுகள் பலவற்றை, சர்ச்சையில் உள்ள வரியில் 10 சதவீதம் கட்டச் சொல்லி, உயர்நீதிமன்றம் ரத்து செய்து திருப்பி அனுப்பியிருக்கிறது. எனக்கும் அதே மாதிரி கிடைத்தது. வக்கீல் நல்லவர், ஆனால் பில் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. வேலையின் அளவுகளைப் பதியும் எம்-புக்கைப் படிக்கத் தெரிந்த ஓர் அக்கவுன்டன்டைக் கூட உட்கார வைத்த பிறகுதான் மனு உருப்படியானது. கான்ட்ராக்ட் கேஸுக்கு இந்த இரண்டு பேரும் வேண்டும்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், வரி ஆலோசகர்:

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். நோட்டீஸோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, தளத்தில் பதிவான மொபைல் எண் யாருடையது என்று. பாதிப் பேருக்கு அது பழைய ஆடிட்டர் ஆபீஸ் பையனுடைய எண். அந்தப் பையன் திருப்பூரில் வேறு வேலைக்குப் போயிருப்பான், ஓடிபி அங்கே போகும். இன்றே மாற்றுங்கள்.

கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பேசுங்கள்: பதில் எழுத, விசாரணைக்கு ஆஜராக, அப்பீலுக்கு என்று தனித்தனியாக. "ஆபீசர் நமக்கு வேண்டியவர்தான், பேசி முடிச்சிடலாம்" என்று ஒருவர் சொன்னால் ஃபைலை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுங்கள். பதில் போடும் கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி வருகிறவர்களுக்கு அவகாசம் கேட்டு விண்ணப்பிப்பதைத் தவிர நாங்கள் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. 2025-ன் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-லிருந்து என்பதால் பிரிவு எண்கள் மாறும். பழைய ஆண்டுகளின் கேஸ்கள் பழைய சட்டத்திலேயே நடக்கும், குழம்ப வேண்டாம்.

முக்கூடல்:

என் அம்மா பீடி சுற்றியவர். தட்டோடு கொண்டுபோனால் கடையில் கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியில்லாததைக் கழித்துப் போடுவார்கள். அதற்குக் கூலி கிடையாது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவர் ஊழியரா என்று பிஎஃபுக்காக வழக்கு நடந்தபோது, 1985-ல் பி.எம்.படேல் வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தக் கழித்துப்போடும் உரிமையையே கட்டுப்பாடாக எடுத்துக்கொண்டு, ஊழியர்தான் என்றது. இன்ஜினியர் அண்ணாச்சியிடம் ஆடிட்டர் ஒப்பந்தத்தை ஒதுக்கிவிட்டு லீவைப் பற்றிக் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஒரு சந்தேகம். என் தம்பிக்கு இப்போது இதே மாதிரி கன்சல்டன்ட் ஆஃபர் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஆளைப் பார்க்கலாமா, நோட்டீஸ் வந்தால் பார்த்துக்கொள்ளலாமா?

பாளையங்கோட்டை, டிசைன் இன்ஜினியர்:

முன்னாலேயே பாருங்கள். ஒப்பந்தத்தின் வரைவோடு, அவர் அங்கே தினமும் என்ன செய்யப்போகிறார் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வேறு வாடிக்கையாளர் எடுக்கக் கூடாது என்று ஒரு ஷரத்து இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அதை எடுக்கச் சொல்லிக் கேட்கட்டும். மாட்டோம் என்றால் பிஎஃபோடு சம்பளமாகவே கேட்கட்டும். நான் போன ஆடிட்டர் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஓய்வாக இருப்பார், தனியாகக் கேட்டால் விவரம் தருகிறேன்.