50 சதவீதம் 30 ஆகும் முன் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கேட்க முடியுமா?

ஆற்றூர்க்காரன்:
சித்திக்காகக் கேட்கிறேன். சித்தப்பா ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்டில் நாயக் பதவியில் இருந்தார், 14 வருட சர்வீஸ். ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் (தீவிரவாதத்துக்கு எதிரான ராணுவப் பிரிவு) காஷ்மீரில் இருந்தபோது 2017 ஜூனில் மாரடைப்பில் இறந்தார். சித்திக்குக் குடும்ப ஓய்வூதியம் மாதாமாதம் வருகிறது. 2027 ஜூனுக்குப் பிறகு குறையும் என்று பி.பி.ஓ.வில் (ஓய்வூதிய ஆணை) இருக்கிறது, ஏன்? 'போர் விதவை'க்கான தொகை வேறு, 25 லட்சம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் கமிஷன் பேசுகிறார். பி.பி.ஓ.வில் உள்ள பெயரும் ஆதார் பெயரும் ஒத்துப்போகவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

தோவாளை_ரெக்கார்டு:
தம்பி, முதலில் கமிஷன்காரரை அனுப்பிவிடுங்கள். அந்த 25 லட்சம் பணியின்போது நடந்த விபத்திலோ தீவிரவாத வன்முறையிலோ இறந்தவர்களுக்கான கருணைத் தொகை. எல்லை மோதலிலோ தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையிலோ இறந்தால் 35 லட்சம், போரில் எதிரி நடவடிக்கையில் இறந்தால் 45 லட்சம். மரணத்துக்கும் பணிக்கும் நேரடித் தொடர்பு காட்ட வேண்டும். மாரடைப்புக்குத் தானாக வராது.

உங்கள் விஷயம் ஓய்வூதியத்தின் வகை. மூன்று வகை உண்டு. சாதாரணம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பணியில் இறந்தால் முதல் 10 வருடம் மட்டும் 50, அதனால்தான் 2027-ல் குறைகிறது. ராணுவப் பணியால் வந்த மரணம், அல்லது பணியால் மோசமான நோயால் வந்த மரணம் என்று ஏற்கப்பட்டால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60. போர் நடவடிக்கையில் இறந்தால் தாராளமயக் குடும்ப ஓய்வூதியம், 100.

சித்திக்குத் தந்திருப்பது சாதாரணம். 50 வந்துகொண்டிருந்ததால் 60-க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போயிருக்கும். சம்பளம் 36,000 என்று வைத்துப் பாருங்கள்: இப்போது 18,000; சிறப்பு என்றால் 21,600; 2027-க்குப் பிறகு 10,800. இதன் மேல் அகவிலை நிவாரணம் வேறு, அதுவும் இதே விகிதத்தில் சுருங்கும். 'சம்பளம்' என்றால் அடிப்படைச் சம்பளம் மட்டும் இல்லை. ராணுவச் சேவைச் சம்பளம் 5,200-ஐயும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று பி.பி.ஓ.வில் பாருங்கள்.

குழித்துறை_அக்கா:
சாதாரணத்தைச் சிறப்பாக மாற்றக் காகிதம்தான் வேணும். வறுமையை உருக்கமாக எழுதிய கடிதத்துக்கு 'பரிசீலிக்க இயலாது' என்று ஒரு வரிதான் பதில் வரும்.

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெக்கார்டு ஆபீஸ் (வீரர்களின் பணி ஆவணங்கள் இருக்கும் அலுவலகம்) இருக்கு. அங்கே சித்தி தன் பெயரில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போடணும், கட்டணம் 10 ரூபாய். கேட்க வேண்டியவை: விசாரணைக் குழு அறிக்கை, மருத்துவக் குறிப்புகள், பிரேதப் பரிசோதனை அறிக்கை, கமாண்டிங் ஆபீசரின் அறிக்கை, கடைசி இரண்டு மூன்று வருடப் போஸ்டிங் விவரம், சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனை, 'பணிக்குத் தொடர்பில்லை' என்று முடிவெடுத்த தாள்.

இதில் சேர்ந்தபோது எடுத்த பரிசோதனைதான் முக்கியம். அப்போது இதய நோய் பற்றி எந்தக் குறிப்பும் இல்லாமல் முழு உடல்தகுதியோடு சேர்ந்திருந்தால், நோய் பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், அப்படி இல்லை என்று காட்டுவது ராணுவத்தின் பொறுப்பு. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அவர் கேட்டது ஊனமுற்றோர் ஓய்வூதியம், ஆனாலும் வாதம் இங்கேயும் எடுபடும். மரணத்துக்கு முந்தைய இரண்டு நாளில் என்ன டியூட்டி, இரவுக் காவலா, ரோந்தா என்பதையும் கேளுங்க. அமைதி ஸ்டேஷனில் நடந்த மரணத்தைவிடக் காஷ்மீர் போஸ்டிங் உங்களுக்குச் சாதகம்.

காகிதம் கிடைத்ததும் ரெக்கார்டு ஆபீஸ் வழியாக முதல் மேல்முறையீடு, பிறகு இரண்டாவது. பதிவுத் தபால் ரசீதும் ஒப்புகை அட்டையும் பத்திரமா வைக்கணும். காலம் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினாலும் அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீங்க, ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் (படைவீரர் வழக்குகளுக்கான தீர்ப்பாயம்) மனு போடும்போது இணைக்க அது வேணும்.

நாஞ்சில்_வக்கீல்:
அக்கா சொன்னதில் காலத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போக, இறுதி உத்தரவு வந்து ஆறு மாதம் என்பது பொது விதி. ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் குறை என்பதால் தாமதத்தைப் பெரும்பாலும் மன்னிப்பார்கள். ஆனால் வென்றாலும் பாக்கியை மனு தாக்கல் செய்த நாளிலிருந்து பின்னோக்கி மூன்று வருடத்துக்குத்தான் தருவது வழக்கம், இது 2008-ல் தர்சேம் சிங் தீர்ப்பு. ஆக, தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பழைய பாக்கியில் ஒரு மாதம் போகும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களான நமக்குத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. கொச்சி பக்கம்தானே என்று சிலர் கேட்பார்கள், அது கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம்: பெண் என்ற ஒரே தகுதியில், வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள்.

வகை மாற வேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சித்திக்கு வயது குறைவென்றால் கேட்டுவையுங்கள். சாதாரண வகையில் பிள்ளைகள் உள்ள கைம்பெண் மறுமணம் செய்தால் அவர் பங்கு நின்று, 25 வயது வரை பிள்ளைகளுக்குப் போகும். சிறப்பு வகையில் பிள்ளைகளைத் தொடர்ந்து பராமரித்தால் முழுத்தொகையும் அவருக்கே வரும்.

ஆற்றூர்க்காரன்:
நன்றி அண்ணாச்சி, அக்கா. பெயர்ப் பிரச்சினை? ஆதாரில் ஞானஸ்நானப் பெயர், பி.பி.ஓ.வில் வீட்டில் கூப்பிடும் பெயர்.

தோவாளை_ரெக்கார்டு:
நம்ம ஊரில் இது சகஜம். எங்கே திருத்துவது என்று முதலில் முடிவு பண்ணுங்கள். ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்றலாம், அவசரப்பட்டு ஒன்றை வீணாக்க வேண்டாம். பிள்ளைகளின் சான்றிதழிலும் வங்கியிலும் ஆதார் பெயரே இருந்தால் பி.பி.ஓ.வைத் திருத்துவதுதான் நல்லது. திருமணச் சான்றிதழ், இரண்டும் ஒருவரே என்ற நோட்டரி உறுதிமொழி, ஆதார், தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றை நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்புங்கள், திருத்திய பி.பி.ஓ. வரும். சித்தப்பா திருமணத்தை யூனிட்டில் சொல்லிப் பார்ட் டூ ஆர்டரில் (வீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் யூனிட் ஆணை) எந்தப் பெயரைப் பதிந்தாரோ அதுதான் மூலம். பெயர்க் குழப்பம் அங்கிருந்தே வந்திருக்கலாம், அந்த நகலையும் கேளுங்கள்.

இது முடியும் வரை ஆயுள் சான்றிதழ் தவறாமல் போகணும். ஜீவன் பிரமாணில் (ஆயுள் சான்றிதழை இணையத்தில் பதியும் வசதி) ஓய்வூதியம் வழங்கும் அதிகாரி என்ற இடத்தில் பழைய ஞாபகத்தில் வங்கியைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். சான்றிதழ் போன மாதிரி எஸ்.எம்.எஸ். வரும், ஆனால் ஸ்பர்ஷில் (பாதுகாப்புத் துறையின் இணைய ஓய்வூதிய அமைப்பு) ஏறாது, ஓய்வூதியம் நின்றுவிடும். சித்தியின் ஓய்வூதியம் ஸ்பர்ஷுக்கு மாறியிருந்தால் 'ஸ்பர்ஷ் – பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ் அலகாபாத்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், பி.பி.ஓ. எண்ணும் புதிய ஸ்பர்ஷ் எண். பொது சேவை மையத்தில் பதிவு பண்ணும்போது பக்கத்தில் நின்று அந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள்.