மூவாயிரம் ரூபாய்க்குச் சாம்பிராணி வாசனையா?

வடவாறு:
பத்து நாளாக லலீக் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் 'ஆங்க்ர் நுவார் ஆ லெக்ஸ்த்ரெம்' என்ற வாசனைத் திரவியத்தைப் போட்டுக்கொண்டு திரிகிறேன். (பிரெஞ்சுக்காரர் வாயில் அப்படி வருமாம். நான் கடையில் 'என்க்ரே நோயர்' என்றுதான் கேட்டேன். சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள்.) ஆங்க்ர் நுவார் என்றால் கறுப்பு மை. குப்பியும் மைக்கூடு மாதிரி, சதுரமான கறுப்புக் கண்ணாடி. 2006இல் நாத்தலி லோர்சன் செய்த முதல் பதிப்பு வெட்டிவேரையும் சைப்ரஸையும் நம்பி நின்றது. 2015இல் வந்த இதில் பிசின்களைச் சேர்த்திருக்கிறார்கள்: எலெமி, குந்திரிக்கம், அடியில் சாம்பிராணி. 100 மில்லி மூவாயிரத்துச் சொச்சம் ஆனது.

அடித்தவுடன் எலுமிச்சைத் தோலோடு நாலு மிளகை நசுக்கிய மாதிரி இருக்கும். கால்மணி நேரம் கழித்து ஈர விறகு அடுக்கிய கொட்டகை. மதியத்துக்கு மேல் அந்த ஈரம் போய், சட்டைக் காலரில் லேசான இனிப்பு மட்டும் தங்குகிறது. இந்த விலைக்கு இதைவிட நல்ல மரமும் பிசினும் கலந்த வாசனை கிடையாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

இழைப்புளி:
வந்துவிட்டேன். திருநெல்வேலிப் பக்கம் 26 வருடமாகத் தச்சுப்பட்டறை வைத்திருக்கிறேன். மர வாசனை என்கிறீர்களே, எந்த மரம்? தேக்கை இழைத்தால் எண்ணெய்ப் பிசுக்கோடு பழைய தோல்செருப்பு மாதிரி ஒரு வாடை வரும். பலாவுக்கு லேசான இனிப்பு. வேம்பின் கசப்பு மூக்கிலேயே தெரியும். பைன் பலகை அறுத்தால் ரம்பத்தின் பல்லெல்லாம் பிசின் அப்பிக்கொள்ளும், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். சும்மா மரம் என்று ஒரு வாசனை எனக்குத் தெரிந்து இல்லை.

என் மகனும் இதே குப்பியை வாங்கி வைத்திருக்கிறான். கையில் அடித்துப் பார்த்தேன். வெளிநாட்டு இயந்திரம் வந்திறங்கும் பைன் பெட்டியை ஒரு வாரம் மழையில் போட்டு வைத்த மாதிரி இருந்தது. சாயங்காலம் வந்தது சாம்பிராணி. அது துக்க வீட்டு வாசனை. காலையில் குளித்துவிட்டு அதைப் பூசிக்கொண்டு வேலைக்குப் போகிறீர்களா?

சில்லறை:
அண்ணாச்சி பேச்சுக்கு என் ஓட்டு. இருபது ரூபாய்க்குக் கட்டிச் சாம்பிராணி வாங்கிப் போட்டுச் சட்டையைப் புகையில் காட்டினால் வேலை முடிந்தது. மிச்சம் 2,980.

வடவாறு:
சில்லறை, திருக்கடவூர்க் குங்கிலியக் கலய நாயனார் அரிசி வாங்க மனைவி கழற்றிக் கொடுத்த தாலியையே கொடுத்துக் குங்கிலியம் வாங்கினார். நீங்கள் மூவாயிரத்துக்கு அழுகிறீர்கள்.

அண்ணாச்சி, துக்க வீடு என்றால் ஊதுபத்தி, ரோஜா மாலை, பன்னீர். சாம்பிராணி என்றால் எனக்குப் பிள்ளை பெற்ற வீடு. தங்கை பிரசவத்துக்கு வந்திருந்தபோது, குழந்தையைக் குளிப்பாட்டியதும் அம்மா தணலில் கொஞ்சம் தூவி, தலை காயட்டும் என்று புகை காட்டுவார். அந்த அறைக்குள் போனால் பவுடரும் பாலும் சாம்பிராணியும் சேர்ந்து ஒரு மணம். இந்தக் குப்பி சாயங்காலத்தில் போய் நிற்கும் இடம் எனக்கு அதுதான்.

இழைப்புளி:
எங்கள் அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்த ராத்திரி முழுக்கத் தூபக்கால் அணையவில்லை. பன்னீரும் இருந்தது, அது நினைவில் இல்லை. தம்பி, இதை நீங்கள் திருத்த முடியாது.

வடவாறு:
திருத்தவில்லை அண்ணாச்சி. மன்னிக்கணும்.

கடலூர்க்காரி:
இரண்டு பேரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. நீங்கள் பேசுவது புகையைப் பற்றி. குப்பிக்குள் இருப்பது எரிக்காத பிசின். கட்டிச் சாம்பிராணியைத் தணலில் போடாமல் கையில் தேய்த்து மோந்து பாருங்கள், வேறு பொருளாகத் தெரியும். சுமத்ரா, லாவோஸ் பக்கத்து மரங்களில் கீறி எடுக்கும் பால் அது. அதில் இயற்கையாகவே வெனிலின் இருக்கிறது, ஐஸ்கிரீமில் வரும் அதே மணம். வடவாறு சொல்லும் காலர் இனிப்பு அங்கிருந்து வருவதாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டர் சாம்பிராணியை வைத்துச் சோதிக்காதீர்கள், அது கரியும் வாசனைத் தூளும்.

எலெமி பிலிப்பைன்ஸ் மரத்துப் பிசின். அதன் உறவுக்கார மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நிற்கிறது. கருங்குங்கிலியம் என்று நாட்டுமருந்துக் கடையில் கேட்டால் அதன் பிசினைத் தருவார்கள். நாம் இதையெல்லாம் 'சாம்பிராணி மாதிரி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். உங்கள் சண்டையில் பாதி அதனால் வருகிறது.

ஆனாலும் வடவாறு கட்சியில் நான் இல்லை. எனக்கு 2006 பதிப்புதான். காரணம் வெட்டிவேர். எங்கள் வீட்டு நிலம் கடற்கரை மணல். மணலாக இருப்பதால் வேர் அறுபடாமல் வரும். ஒரு வருடத்துக்கு மேல் வளரவிட்டுத் தோண்டுவோம். அலசுவதற்கு முன்னால் அந்தக் கத்தையை முகர்ந்திருக்கிறீர்களா? மண், பச்சை, கொஞ்சம் புகை, கடைசியில் ஒரு கசப்பு. பானைத் தண்ணீரில் போடும் வேருக்கு அதில் கால்வாசி கூட மிஞ்சியிருக்காது. பிரெஞ்சுக்காரர்கள் வெத்திவேர் என்று வாசனைத் திரவியத்துக்குப் பெயர் வைக்கிறார்களே, அந்தச் சொல்லே நம்முடையதுதான். எண்ணெய் மட்டும் இப்போது பெரும்பாலும் ஹைத்தியிலிருந்து போகிறது. பழைய பதிப்பில் அந்தக் கசப்பு இருக்கிறது. புதியதில் பிசின் மேலே உட்கார்ந்து வேரை அமுக்கிவிட்டது. முறுக்கு சாப்பிடும் இடத்தில் பாதுஷா கொடுத்த மாதிரி.

குளிர்தேசம்:
டொராண்டோவிலிருந்து. ஜனவரியில் கோட்டுக்குள் இது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. சூடான ரயிலுக்குள் ஏறிப் பொத்தானைக் கழற்றினால் திடீரென்று எழும்பும். ஜூலையில் இரண்டு முறை போட்டேன், அதோடு சரி. சென்னை வெயிலில் எப்படித் தாங்குகிறீர்கள்?

வடவாறு:
முதல் நாள் தாங்கவில்லை. ஆறு தடவை அடித்துக்கொண்டு ஆபீஸ் காரில் ஏறினேன். ஏசி போட்டிருந்தும் பின்சீட்டில் இருந்தவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை இறக்கினார். இப்போது இரண்டுதான், அதுவும் சட்டைக்குள்ளே நெஞ்சில். உடம்புச் சூட்டில் மேல்வாசனை சீக்கிரம் பறந்துவிடுகிறது, அடியில் இருப்பது நிற்கிறது. கடலூர் அக்காவுக்கு: வேர் அமுங்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழையதைப் போட்டுக்கொண்டு போன அன்று, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று மேலாளர் கேட்டார். அத்தனை சோகம் அது.

கடலூர்க்காரி:
அந்தச் சோகத்துக்குத்தானே காசு கொடுக்கிறோம்.

சில்லறை:
ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நண்பனிடம் வாங்கிப் போட்டேன். மூன்று மணி நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை. காசு ஆவியாகப் போயிற்று.

கடலூர்க்காரி:
தெரியாதது உங்களுக்கு. மூக்கு ஒரே வாசனையைக் கொஞ்ச நேரத்தில் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். சில கஸ்தூரி வகைச் செயற்கைப் பொருள்களைச் சிலர் மூக்கு பிடிப்பதே கிடையாது. பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.

சில்லறை:
மனைவியைக் கேட்டேன். ராத்திரி சட்டையைத் துவைக்கப் போட்டபோதும் வந்ததாம். கோயிலுக்குப் போனீங்களா என்று கேட்க நினைத்தாளாம். சரி, மூன்று மணி நேரம் என்பதை வாபஸ் வாங்குகிறேன். மூவாயிரம் என்பதை வாங்க மாட்டேன்.

இழைப்புளி:
மகனை அனுப்பிக் கட்டிச் சாம்பிராணி வாங்கினேன். எரிக்கவில்லை. அந்த அம்மா சொன்ன மாதிரி உள்ளங்கையில் தேய்த்தேன். பேக்கரி வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. அப்பா நினைவு வரவில்லை. பிறகு மகன் குப்பியை எடுத்து மறு கையில் அடித்துக்கொண்டு சாயங்காலம் வரை காத்திருந்தேன். இரண்டுக்கும் உறவு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பூசிக்கொள்வேனா என்றால், மாட்டேன்.

ஆனால் முதலில் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எந்த மரம்?

வடவாறு:
சைப்ரஸ், அண்ணாச்சி. அதோடு சந்தனமும் என்று எழுதியிருக்கிறார்கள்.

இழைப்புளி:
சந்தனம் எனக்குத் தெரியும், அது இதில் இல்லை. சைப்ரஸ் என்றால் ஊட்டிப் பக்கம் கூம்பு மாதிரி நிற்குமே, அதுவா? அதை நான் இழைத்ததே இல்லை. குன்னூரில் ஒரு பட்டறைக்காரர் பழக்கம். ஒரு துண்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் நாலு சீவு சீவிப் பார்த்துவிட்டு வருகிறேன், அதுவரை என் கட்சி என் கட்சிதான்.