திருச்சிக்கு நேரடி விமானம்: கும்பாபிஷேகத்துக்கு டிக்கெட் போடும் முன் இதைப் படியுங்கள்

அன்புள்ள ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து நம்ம தம்பி ஒருவர், "திருச்சிக்குப் புதுசா ஃபிளைட் வரப்போகுதுன்னு சொல்றாங்களே அண்ணே, கும்பாபிஷேகத்துக்கு இப்பவே குடும்பத்தோட டிக்கெட் போட்டுடலாமா" என்று கேட்டிருந்தார். மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் எழுதியிருந்தீர்கள். போடு, விலை ஏறிவிடும் என்றார் ஒருவர். பொறு, அந்த விமானம் நிலைக்குமா பார்க்கலாம் என்றார் இன்னொருவர். சென்னைக்கே போட்டுவிடு, வம்பே வேண்டாம் என்றார் மாமா. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எது எப்போது சரி என்று தெரிய, ஒரு வழித்தடம் எப்படித் தொடங்குகிறது, எப்படி நிற்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நான் அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் அம்மாவை முதல்முறையாக என்னிடம் அழைத்து வந்திருந்தேன். டிசம்பரில் வந்தவர், ஏப்ரல் முதல் வாரம் ஊர் திரும்புவதாக ஏற்பாடு. அப்போதுதான் ஒரு நிறுவனம் திருச்சிக்குப் புதிதாக நேரடி விமானம் விட்டிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, இடையில் எங்கும் இறங்கி ஏற வேண்டாம் என்று அதிலேயே போட்டேன். பிப்ரவரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கோடை அட்டவணையில் அந்த விமானம் இல்லை, பணத்தைத் திருப்பித் தருகிறோம், அவ்வளவுதான். பணம் வந்துவிட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணத்துக்கு அந்தத் தேதியில் வேறு எந்த விமானத்திலும் இடம் இல்லை. கடைசியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்து சென்னைக்குப் போட்டு, நள்ளிரவில் இறங்கி, சக்கர நாற்காலிக்குக் காத்திருந்து, அப்புறம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் போய் அம்மா வீடு சேர்ந்தபோது மறுநாள் காலை ஆகிவிட்டது. காலை மடக்க முடியாமல் இரண்டு நாள் படுத்திருந்தார். அந்த மின்னஞ்சல் ஏன் சரியாக பிப்ரவரியில் வந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

உலகம் முழுவதும் விமான அட்டவணை வருடத்தை இரண்டாகத்தான் பிரிக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு கோடை அட்டவணை தொடங்கும், அக்டோபர் கடைசி ஞாயிறு குளிர்கால அட்டவணை தொடங்கும். ஐரோப்பாவில் கடிகாரத்தை முன்னும் பின்னும் மாற்றும் அதே நாட்கள். நம் ஊரில் கடிகாரம் மாறுவதில்லை, வெயிலும் மழையும் அந்தக் கணக்கில் வருவதில்லை, இருந்தாலும் திருச்சி அட்டவணையும் அந்த இரண்டு ஞாயிறுகளில்தான் மாறும். 2026-இல் அவை மார்ச் 29, அக்டோபர் 25. புதிய விமானங்கள் பலவும் இந்தத் தேதிகளை ஒட்டித்தான் பிறக்கின்றன. இண்டிகோ திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தொடங்கியது 2025 மார்ச் 30, அந்த வருடக் கோடை அட்டவணையின் முதல் நாள். வியட்ஜெட் ஹோ சி மின் நகரிலிருந்து திருச்சிக்கு வந்தது 2023 நவம்பர் தொடக்கத்தில், குளிர்கால அட்டவணை தொடங்கிய சில நாட்களில். நிற்கிற விமானங்களும் பெரும்பாலும் இதே தேதிகளில்தான் நிற்கின்றன, அதைத்தான் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

சிங்கப்பூரின் சாங்கி, கோலாலம்பூர், துபாய் மாதிரி நெரிசலான விமான நிலையங்களில் ஒரு விமானம் இறங்கவும் கிளம்பவும் நேரம் ஒதுக்கி வாங்க வேண்டும். அதை ஸ்லாட் என்பார்கள். கோடைக்கான ஸ்லாட்டுகளை முந்தைய நவம்பரிலும், குளிர்காலத்துக்கானதை ஜூனிலும், நிறுவனங்களும் விமான நிலைய ஒதுக்கீட்டாளர்களும் ஒரே இடத்தில் கூடிப் பேசி முடிக்கிறார்கள். ஒரு அட்டவணைக் காலம் முழுக்க வாங்கிய ஸ்லாட்டுகளில் 80 சதவீதமாவது பறந்திருந்தால்தான் அடுத்த வருடம் அதே நேரம் அவர்களுக்கு உரிமை. ஓட்டப்போவதில்லை என்றால் கோடைக்கானதை ஜனவரி நடுவிலும், குளிர்காலத்துக்கானதை ஆகஸ்ட் நடுவிலும் திருப்பித் தந்துவிட வேண்டும். ஜனவரி 31-ஆம் தேதியும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியும் கையில் எத்தனை ஸ்லாட் இருக்கிறதோ அதை வைத்துத்தான் அந்த 80 சதவீதக் கணக்கே. அதனால் ஒரு வழித்தடத்தைத் தொடர்வதா வேண்டாமா என்று நிறுவனங்கள் உட்கார்ந்து முடிவெடுக்கும் காலம் அது. எனக்கு பிப்ரவரியில் கடிதம் வந்ததன் காரணம் இப்போது புரிகிறதா? நான் டிசம்பரில் டிக்கெட் போட்டபோது அந்த விமானம் கோடையில் ஓடுமா என்பது முடிவாகவே இல்லை. விற்பனையில் இருந்தது, அவ்வளவுதான். விற்பனையில் இருப்பது வேறு, பறப்பது வேறு.

சரி, அதற்காகப் புதிய விமானமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அப்படி எல்லோரும் ஒதுங்கினால் ஒன்றும் நிலைக்காது.

திருச்சிக்கு ஏன் எமிரேட்ஸ் வருவதில்லை, கத்தார் ஏர்வேஸ் வருவதில்லை, எதிஹாட் வருவதில்லை என்று வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்கள் வருடா வருடம் கேட்கிறார்கள். கூட்டம் இல்லாமல் இல்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை, அரியலூர், பெரம்பலூர் என்று சுற்று மாவட்டம் எல்லாவற்றிலும் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். தடை வேறு இடத்தில் இருக்கிறது. 1944 சிகாகோ ஒப்பந்தத்தின்படி, ஒரு நாட்டின் அனுமதி இல்லாமல் இன்னொரு நாட்டு நிறுவனம் அங்கே வழக்கமான சேவை நடத்த முடியாது. அதனால் நாடுகள் இரண்டிரண்டாக உட்கார்ந்து, வாரத்துக்கு எத்தனை இருக்கை, எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்று எழுதிக்கொள்கின்றன. துபாயோடு இந்தியா செய்த உடன்பாட்டில் ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கைகள். அதில் துபாய் நிறுவனங்கள் இறங்கத் தமிழ்நாட்டில் சென்னை இருக்கிறது, திருச்சி இல்லை. அபுதாபி, ஷார்ஜா எல்லாம் தனித்தனிக் கணக்கு. ஷார்ஜாவின் ஏர் அரேபியா கோயம்புத்தூருக்கு வெகுகாலமாக வருவதும் திருச்சிக்கு வராததும் அதனால்தான். இந்திய நிறுவனங்களுக்கு இந்தத் தடை இல்லை, எந்த இந்திய ஊரிலிருந்தும் கிளம்பலாம். அதனால் வளைகுடாவிலிருந்து திருச்சிக்கு நேரடியாக வேண்டும் என்றால் நாம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ பக்கம்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அபுதாபியிலிருந்து இண்டிகோ 2024 ஆகஸ்டில் திருச்சிக்கும், 2025 ஜூனில் மதுரைக்கும் தொடங்கியது.

கிழக்குப் பக்கம் கதை வேறு. தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான், தெற்காசியாவின் சார்க் கூட்டமைப்பு நாடுகளின் விமானங்களுக்கு இந்தியா 18 சுற்றுலா நகரங்களைத் தனியாகத் திறந்துவிட்டது, அதில் திருச்சி ஒன்று. ஏர் ஏசியா கோலாலம்பூரிலிருந்து இந்தியாவுக்கு முதன்முதலில் வந்து இறங்கிய ஊரே 2008 டிசம்பரில் திருச்சிதான். ஸ்கூட், பாட்டிக் ஏர் எல்லாம் அந்தக் கதவு வழியாக வந்தவைதான். ஆகவே சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற போட்டியும் விலைக் குறைவும் வளைகுடாவில் இருப்பவனுக்குக் கிடைப்பதில்லை. ஒரே தெருவில் பிறந்த இரண்டு பேரில் ஒருவனுக்கு வாரம் முழுக்க விமானம், இன்னொருவனுக்குத் திருச்சி எல்லையைத் தாண்டிச் சென்னையில் இறங்கி ராத்திரி பஸ். இதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் புதிய முனையம் கட்டி 2024 ஜனவரி 2-ஆம் தேதி பிரதமர் திறந்து வைத்தார், ஜூனில் புழக்கத்துக்கு வந்தது, வருடத்துக்கு 44 லட்சம் பேரைத் தாங்கும். கட்டடம் தயார், அனுமதிதான் பாக்கி.

ஓடுபாதையையும் சொல்ல வேண்டும். திருச்சி ஓடுபாதை சுமார் 2,480 மீட்டர். ஏர்பஸ் 320, போயிங் 737 அளவுக்குத் தாராளம். பெரிய ரக விமானம் முழு எரிபொருளோடு, முழு லக்கேஜோடு, மே மாத வெயிலில் கிளம்ப அது போதாது. சூடான காற்று லேசானது, இறக்கைக்குப் பிடிப்பு குறையும், ஓட வேண்டிய தூரம் கூடும். அதை 12,500 அடிக்கு, அதாவது சுமார் 3,800 மீட்டருக்கு, நீட்டும் திட்டம் பல வருடமாகப் பேச்சில் இருக்கிறது. அது வரும்வரை லண்டனிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ நேராகத் திருச்சி என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம்.

யாழ்ப்பாண வழித்தடத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்பை ஒட்டிய ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் வந்தது. அப்புறம் யுத்தம், பல பத்தாண்டுகள் அந்த வானத்தில் நம் பக்கம் வரும் பயணிகள் விமானம் இல்லை. 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது, நாலு மாதத்தில் கொரோனா வந்து நின்றது, மறுபடி 2022 டிசம்பர் 12-இல்தான் வந்தது. இன்றும் அங்கே சின்ன ஏடிஆர் விமானம்தான் இறங்க முடியும், எழுபது சொச்சம் பேர். ஆனாலும் திருச்சி வரை நீண்டது. காரணம், அதில் ஏறுகிறவர்கள் திருவிழாவுக்கு மட்டும் ஏறுவதில்லை. ஆஸ்பத்திரிக்கு, கல்யாணப் புடவை எடுக்க, சொந்தம் பார்க்க, வேண்டுதலுக்கு என்று எல்லா மாதமும் வருகிறார்கள்.

நாம் அப்படி இல்லை. பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் வளைகுடாப் பள்ளி விடுமுறையான ஜூலை, ஆகஸ்டுக்கும் ஒரே நேரத்தில் கிளம்புகிறோம். அந்த வாரங்களில் போகும்போது நிரம்பி வழியும் விமானம் திரும்பும்போது பாதி காலி. பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் இரு பக்கமும் காலி. ஒரு நிறுவனம் புதிய வழித்தடத்தை எடைபோடுவது அந்தக் காலி மாதங்களை வைத்துத்தான், பொங்கல் வாரத்தை வைத்து அல்ல, பொங்கல் வாரத்தில் எதுவும் நிரம்பும். அதனால் குழந்தைகளின் பள்ளி இல்லாத, தனியாக வேலை பார்க்கிற தம்பிமார்கள் உங்கள் வருடாந்திர விடுமுறையைப் பிப்ரவரியில் எடுக்க முடியுமானால் எடுங்கள், நேரடி விமானத்திலேயே எடுங்கள், ஐம்பது ரிங்கிட் குறைகிறது என்று சென்னைக்குப் போகாதீர்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவை வரவழைப்பவர்களும் அந்த மாதங்களைப் பாருங்கள், டிக்கெட்டும் மலிவு.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். கும்பாபிஷேகம் ஏப்ரல் கடைசியில், அதாவது கோடை அட்டவணைக்குள். ஆகவே பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை பொறுத்துப் போடுவதுதான் நல்லது, அதற்குள் எது நிற்கும் எது ஓடும் என்று தெரிந்துவிடும். விலை பயந்து முன்பே போட வேண்டும் என்றால், இரண்டு மூன்று வருடமாக இரண்டு அட்டவணையிலும் ஓடியிருக்கிற விமானத்தில் போடுங்கள். புதியதில்தான் வேண்டும் என்றால், போகவும் வரவும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே போடுங்கள். இடையில் ஒரு டிராவல்ஸோ தள்ளுபடிச் செயலியோ இருந்தால் அட்டவணை மாறிய செய்தி அவர்களோடு நின்றுவிடும், பணமும் அவர்கள் வழியாகத்தான் திரும்ப வர வேண்டும். சிட்னி, லண்டன் பக்கத்திலிருந்து சிங்கப்பூர், துபாய் வந்து மாறுகிறவர்கள் கண்டிப்பாகத் தனித்தனி டிக்கெட் போடாதீர்கள். திருச்சி விமானம் ரத்தானால் அதை விற்றவர் அந்தப் பணத்தைத் தருவார், முந்தைய விமானத்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. இந்திய விதிப்படியும் இரண்டு வாரத்துக்கு முன்பே ரத்து என்று சொல்லிவிட்டால் மாற்று விமானமோ முழுப் பணமோதான் கேட்க முடியும், நஷ்டஈடு கேட்க முடியாது. அட்டவணை மாற்றத்தில் நிற்கும் விமானங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் தப்பித்துவிடும்.

இன்னொன்று. நம் சங்கத்தின் பெயரில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் நம் தொகுதி எம்.பி.க்கும் ஒரு மனு எழுதலாம் என்று நினைக்கிறேன், வளைகுடா உடன்பாடுகளில் திருச்சியைச் சேர்க்கச் சொல்லி. வெறும் கோரிக்கையாக இல்லாமல் எண்ணிக்கையோடு எழுத வேண்டும். கடந்த இரண்டு வருடத்தில் நீங்கள் எத்தனை முறை ஊருக்குப் போனீர்கள், எந்த மாதம், எந்த ஊரிலிருந்து, திருச்சியில் இறங்கினீர்களா சென்னையிலா, சென்னை என்றால் ஏன், இவ்வளவையும் நாலு வரியில் எனக்குத் தனி மடலில் அனுப்புங்கள். குவைத், மஸ்கட், தம்மாம் பக்கத்து ஆட்கள் முக்கியமாக. பக்கத்து ஊர்க்காரர்கள் அறையில் கூட இருந்தால் அவர்களுடையதையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். பொங்கலுக்கு நான் ஊரில் இருப்பேன், வந்த கணக்கையெல்லாம் அங்கே வைத்து மாமாவும் நானும் மனுவை எழுதி முடித்துவிடுகிறோம்.

அன்புடன்,
உங்கள் கீழத்தெரு அண்ணன்