வாசல் கதவுக்கு மார்ட்டிஸா, ஆல்ட்ராப்பில் தொங்கு பூட்டா?

தாம்பரம்வாசி
தரைத்தளத் தனிவீடு. வாசல் கதவு தேக்கு, கனம் 38 மி.மீ., உள்பக்கம் திறக்கும். நிலை 5க்கு 3 அங்குலம். இப்போதைக்கு வெளியே ஆல்ட்ராப் (தொங்கு பூட்டு மாட்டும் தண்டுத் தாழ்), உள்ளே டவர் போல்ட் (சாதாரணத் தாழ்ப்பாள்), அவ்வளவுதான். கொல்லைப்புறம் 32 மி.மீ. ஃப்ளஷ் கதவு (இருபுறமும் ஒட்டுப்பலகை ஒட்டிய சமதளக் கதவு), அது வெளிப்பக்கம் திறக்கும். ஜன்னல் ஆறும் யூபிவிசி ஸ்லைடிங். நான்குக்குத்தான் கிரில் இருக்கிறது. வீட்டில் எழுபது வயது தாண்டியவர்கள் இருவர். மொத்த பட்ஜெட் 15,000 ரூபாய். மார்ட்டிஸ் (கதவுக்குள் வெட்டிப் பதிக்கும் பூட்டு) போடலாமா, ஆல்ட்ராப்பிலேயே நல்ல பூட்டு மாட்டினால் போதுமா, இல்லை டிஜிட்டலா? கடைக்கு ஒரு பதில் சொல்கிறார்கள்.

சிலிண்டர்_சிங்காரம்
வாசலுக்கு மார்ட்டிஸ்தான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆல்ட்ராப்பில் பூட்டு தொங்கினால் வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே போர்டு மாட்டியது போல. மார்ட்டிஸ் பூட்டியிருக்கிறதா இல்லையா என்று வெளியே நின்று பார்ப்பவனுக்குத் தெரியாது.

வாங்கும்போது விலையைவிட மூன்று விஷயம் பாருங்கள். டெட்போல்ட், அதாவது சாவி திருப்பினால் வரும் தாழ், குறைந்தது 20 மி.மீ. வெளியே வர வேண்டும். இரண்டு சுற்றுச் சாவியானால் இன்னும் நல்லது. சிலிண்டரில், அதாவது சாவி நுழையும் உருளையில், துளைப்பதைத் தடுக்கும் கடினப்படுத்திய எஃகு ஊசி இருக்க வேண்டும். மூன்றாவதுதான் எல்லோரும் கோட்டைவிடுவது: சிலிண்டர் நீளம்.

உங்கள் கதவு 38. பாதி 19. கைப்பிடித் தகடு பெரும்பாலும் 8 மி.மீ. இருக்கும், ஆக ஒரு பக்கத்துக்கு 27. நீங்கள் வாங்க வேண்டியது 60 மி.மீ. சிலிண்டர், அதாவது நடுத் திருகுத் துளையிலிருந்து 30/30. தகட்டுக்கு வெளியே 3 மி.மீ. மட்டும் தெரியும். கடையில் கேட்காமலேயே 70 எடுத்துக் கொடுப்பார்கள். அது 8 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும். பைப் ரெஞ்ச் பிடிக்க அது போதும். சிலிண்டரின் நடுவில் திருகு போகும் இடம்தான் ஆக மெல்லியது, முறுக்கினால் அங்கேதான் ஒடியும். ஒடிந்த பிறகு உள்ளே எத்தனை பின் (சாவி தூக்கும் சிறு ஊசி) இருந்தென்ன, டிம்பிள் சாவி (குழிக்குழியான சாவி) இருந்தென்ன.

ஏழு_லீவர்
சிங்காரம் சார் தன் கட்சியின் பலவீனத்தை அவரே அழகாகச் சொல்லிவிட்டார். நடுவில் ஒடிகிற ஒன்றைக் கதவின் வயிற்றைக் கிழித்து வைப்பானேன்?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது சும்மா இல்லை. லீவர் பூட்டில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு லீவர் தகட்டையும் சாவி சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் தாழ் நகராது. பம்ப் சாவி வைத்துத் தட்டித் திறக்கும் வித்தை பின் சிலிண்டருக்குத்தான், லீவரிடம் பலிக்காது. பூட்டின் கொண்டி, அதாவது மேலே வளைந்த கம்பி, 10 மி.மீ.க்குக் குறையாமல், கடினப்படுத்தியதாக, இரண்டு காலும் உள்ளே பூட்டிக்கொள்வதாகப் பாருங்கள். ஒரு காலை மட்டும் பிடிக்கும் பூட்டில் ஒரு வெட்டு போதும், கம்பி சுழன்று வெளியே வந்துவிடும்.

கதவில் ஒரு உளி வெட்டு வேண்டாம். கெட்டால் அஞ்சு நிமிஷத்தில் வேறு பூட்டு மாட்டலாம்.

சிலிண்டர்_சிங்காரம்
@ஏழு_லீவர் அண்ணே, பூட்டைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் திருடன் பூட்டையா உடைக்கிறான்? ஆல்ட்ராப்பைப் பெயர்க்கிறான். பாதி வீடுகளில் ஆல்ட்ராப் ஓர் அங்குல மரத் திருகில் வெளியே இருந்து அடித்திருக்கும். ஸ்குரூடிரைவரே போதும். பூட்டு பத்திரமாக அப்படியே தொங்கும்.

இன்னொன்று. ஆள் உள்ளே இருக்கும்போது வெளியே இருப்பவன் ஆல்ட்ராப்பை இழுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ஒரு வீட்டில் கைவைக்குமுன் அக்கம்பக்கத்துக் கதவுகளை வெளியே தாழிட்டுவிட்டுப் போவது பழைய தந்திரம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது கூடவே கூடாது.

ஏழு_லீவர்
திருகில் அடித்தது ஆசாரியின் சோம்பல், ஆல்ட்ராப்பின் குற்றமில்லை. கதவை ஊடுருவும் போல்ட் போட வேண்டும்: உருண்டைத் தலை வெளியே, நட்டு உள்ளே, நட்டுக்கடியில் அகல வாஷர். வெளியே பிடித்துத் திருப்ப எதுவும் இருக்காது. நிலையில் பதியும் கொக்கியும் அப்படியே. வெளியே தாழிடுவது பற்றிக் கவலையா? தண்டு திறந்த நிலையில் இருக்கும்போது கைப்பிடி விழும் இடத்தில் இன்னொரு கொக்கி அடித்து, வீட்டில் இருக்கையில் பூட்டை அங்கே மாட்டுங்கள். தீர்ந்தது.

நிலைப்படி
இரண்டு பேரும் கதவையே பார்க்கிறீர்கள். உள்பக்கம் திறக்கும் கதவை உதைத்தால் விசை எங்கே போகிறது? நிலையில், போல்ட் நுழையும் ஓட்டையில். மார்ட்டிஸ் பெட்டியில் வரும் ஸ்ட்ரைக் தகட்டை (அந்த ஓட்டையின் மேல் நிலையில் பதிப்பது) கையில் எடுத்துப் பாருங்கள்: ஒன்றரை மி.மீ. தகடு, முக்கால் அங்குலத் திருகு இரண்டு. அந்தத் திருகு பிடிப்பது நிலையின் விளிம்பு மரத்தை மட்டும். உதைத்தால் தகடும் சீவலுமாகப் பிய்ந்து வரும். பதினைந்தாயிரம் ரூபாய்ப் பூட்டும் இரண்டாயிரம் ரூபாய்ப் பூட்டும் அந்த நொடியில் ஒரே விலைதான்.

ஆகவே முதல் செலவு இங்கே:

ஸ்ட்ரைக் தகட்டுக்கு 3 மி.மீ. எஃகுப் பட்டை, நீளம் ஒரு அடி, அகலம் நிலையின் வெட்டுக்குள் உட்காரும் அளவு. லேத்தில் போல்ட் ஓட்டையும் ஆறு திருகு ஓட்டையும் போட்டுத் தருவார்கள். திருகு 50 மி.மீ., 10ஆம் எண். உங்கள் நிலை 3 அங்குலம், அதில் கதவு உட்காரும் வெட்டு அரை அங்குலம் போனால் மீதி 62 மி.மீ. சொச்சம். அதனால் 50 முழுக்க மரத்துக்குள் இருக்கும். 75 போட்டால் முனை சுவரில் முட்டித் திரும்பும். தேக்கில் 3 மி.மீ. துளை போடாமல் திருகு இறக்காதீர்கள், மரம் பிளக்கும் அல்லது திருகுத் தலை முறியும். திருகில் கொஞ்சம் சோப்பு தடவுங்கள்.

அப்புறம் நிலையே சுவரில் ஆடுகிறதா என்று தோளால் தள்ளிப் பாருங்கள். பக்கத்துக்கு மூன்று ஹோல்டுஃபாஸ்ட் (நிலையைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டை) காங்கிரீட்டில் புதைந்திருக்க வேண்டும். நிலைக்கும் பூச்சுக்கும் இடையே மயிரிழை விரிசல் மேலிருந்து கீழ்வரை ஓடினால் ஹோல்டுஃபாஸ்ட் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அப்படியிருந்தால் நிலை வழியாகச் சுவருக்குள் 10 மி.மீ. ஆங்கர் போல்ட், பக்கத்துக்கு மூன்று, தலையை மரத்துக்குள் இறக்கி மரக் கட்டை வைத்து மூடுங்கள்.

சிலிண்டர்_சிங்காரம்
இதை மறுக்கவில்லை. ஆனால் "எந்தப் பூட்டானாலும் ஒன்றுதான்" என்பது மிகை. உதைத்தால் சத்தம் வரும். சிலிண்டரை ஒடிப்பதில் அந்தச் சத்தம் இல்லை. நிலையை இரும்பாக்கிவிட்டு மலிவு துத்தநாகக் கலவைப் பூட்டு வைத்தால், அடுத்த பலவீனம் அதுதான்.

நிலைப்படி
எல்லாப் பூட்டும் ஒன்று என்று சொல்லவில்லை, வரிசை மாறக் கூடாது என்கிறேன். சரி, மார்ட்டிஸ் என்றே வைத்துக்கொள்வோம். பலகைக் கதவில் எங்கே வெட்டுவது என்று சொன்னீர்களா? 60 மி.மீ. பேக்செட் (கதவு விளிம்பிலிருந்து சாவித்துவாரம் வரை உள்ள தூரம்) உள்ள பூட்டின் உடல் கதவுக்குள் 85 முதல் 90 மி.மீ. வரை போகும். பக்கத்து நெடுஞ்சட்டம் 100 மி.மீ. அகலம் என்றால் மறுபுறம் மிச்சம் ஒரு சென்டிமீட்டர். அதுவும் நடுக் குறுக்குச் சட்டம் வந்து சேரும் மூட்டிலேயே வெட்டினால், மூட்டின் நாக்கு அறுந்து கதவு அந்த இடத்தில் இரண்டாகிவிடும். கதவுக்கு நடு உயரம் அழகு என்று ஆசாரிகள் சரியாக அங்கேதான் உளியை வைப்பார்கள். மூட்டுக்கு மேலேயோ கீழேயோ ஒரு சாண் தள்ளி வெட்டச் சொல்லுங்கள். சட்டம் ஒடுக்கமாயிருந்தால் பேக்செட் குறைந்த மாடல் வாங்குங்கள், அல்லது உள்பக்கம் மேலே பதியும் ரிம் லாக் போடுங்கள்.

பட்டன்சாவி
யாரும் டிஜிட்டலைத் தொடவே இல்லையே. சாவி தொலைவது, வேலைக்கு வருபவர்களிடம் கொடுத்த சாவிக்கு நகல் எடுப்பது, வெளியே போன பிறகு பூட்டினோமா என்ற சந்தேகம், மூன்றும் இதில் இல்லை. கதவு சாத்தினால் தானாகப் பூட்டும். வேலையாளுக்குத் தனி எண் கொடுத்து, வேண்டாதபோது அழித்துவிடலாம்.

ஏழு_லீவர்
ரேஷன் கடையில் கைரேகை விழாமல் பெரியவர்கள் படும் பாட்டைப் பார்த்துமா வாசலில் அதை மாட்டச் சொல்கிறீர்கள்? பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல், ஈர விரல், எதுவும் எடுக்காது.

பட்டன்சாவி
அதற்குத்தான் எண்ணும் கார்டும். எழுபது வயதுக்காரருக்கு இருட்டில் சாவித்துவாரம் தேடுவதைவிட கார்டு காட்டுவது சுலபம்.

சிலிண்டர்_சிங்காரம்
டிஜிட்டலின் முகப்பைப் பார்க்காதீர்கள், அவசரச் சாவித்துவாரத்தைப் பாருங்கள். மலிவு மாடல்களில் தகட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பது ஆகச் சாதாரண சிலிண்டர். வாசலில் கைரேகை, கொல்லையில் பொம்மைப் பூட்டு என்ற கதை. பேட்டரி பற்றியும் ஒரு வார்த்தை: நான்கு ஏஏ ஆல்கலைன் போடுங்கள். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்தான், புதிதாக மாட்டிய சில நாளிலேயே தீர்ந்துவிட்டது என்று கத்தும். வெளியே 9 வோல்ட் பேட்டரியோ யூஎஸ்பியோ தொட்டு உயிர் கொடுக்கும் முனை இல்லாத மாடல் வேண்டவே வேண்டாம். மழைச்சாரலும் மேற்கு வெயிலும் நேராக அடிக்கும் வாசலானால் இரண்டு தரம் யோசியுங்கள்.

இந்த பட்ஜெட்டில் டிஜிட்டல் வாங்கினால் மற்ற எதற்கும் காசு மிஞ்சாது. அதுதான் என் முக்கிய ஆட்சேபம்.

கொல்லைக்கதவு
நாற்பது வரி வாசல் கதவுக்கே போய்விட்டது. கேள்வியில் இருக்கும் மிகப் பெரிய ஓட்டை வெளிப்பக்கம் திறக்கும் அந்த 32 மி.மீ. ஃப்ளஷ் கதவு. வெளியே திறக்கிறது என்றால் கீல் வெளியே இருக்கிறது. கீலின் ஆணியைத் தட்டி எடுத்தால் பூட்டுப் பக்கம் பூட்டியபடியே இருக்க, கீல் பக்கம் கதவு கழன்று வரும்.

செலவில்லாத வைத்தியம்: ஒவ்வொரு கீலிலும் எதிரெதிரே இருக்கும் ஒரு ஜோடித் திருகைக் கழற்றுங்கள். நிலைப் பக்கத் துளையில் தலை வெட்டிய தடித்த திருகை 10 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி இறக்குங்கள். கதவுப் பக்கத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி ஆழப்படுத்துங்கள். கதவு மூடும்போது முளை துளைக்குள் போய் உட்காரும். ஆணியை எடுத்தாலும் கதவு நகராது. மேல், கீழ் இரண்டு கீலிலும் செய்தால் போதும்.

இதில் மார்ட்டிஸ் வெட்டாதீர்கள். 32 மி.மீ. கதவில் 16 மி.மீ. பள்ளம் எடுத்தால் பக்கத்துக்கு 8 மி.மீ. சில்லுதான் மீதி. ஃப்ளஷ் கதவில் பூட்டுக்கென்று கட்டை வைத்திருக்கும் பக்கத்தையும் விசாரிக்காமல் வெட்டினால் உள்ளே வெற்றிடம் வரலாம். உள்பக்கம் குறுக்கே ஒரு சதுரக் குழாய்த் தாழ், இரண்டு பக்கமும் சுவரில் ஆங்கர் போட்ட கொக்கியில் விழுவது போல. கொக்கியைச் சுவரில் போட்டால், வெளியே இழுத்தாலும் தாழ் கதவோடு போகாமல் நிற்க வேண்டும். அதற்குத் தாழைக் கதவோடு இரண்டு ஊடுருவும் போல்ட்டால் பிணைத்த வளையங்கள் வழியாக விடுங்கள். வெறுமனே கதவுக்கு முன்னால் விழும் தாழ், உள்பக்கம் திறக்கும் கதவுக்கு மட்டும்தான் உதவும். இந்த வித்தியாசத்தை வெல்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

தாம்பரம்வாசி
ஜன்னல்?

கொல்லைக்கதவு
கிரில் இல்லாத இரண்டையும் மூடிவிட்டு, பலகத்தை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பாருங்கள். கீழ்த்தடத்தைத் தாண்டி எழும்பினால் பூட்டு எதுவானாலும் ஜன்னல் கையோடு வரும். பலகத்தின் அடிப்பக்க ஓரத்தில் உருளைக்கான திருகு இருக்கும், அதைத் திருப்பி உயர்த்தி மேல் இடைவெளியைக் குறையுங்கள். மேல்தடத்தில் தூக்குத்தடைக் கட்டை வைக்க ஃபேப்ரிகேட்டரிடம் கேளுங்கள், சின்ன பிளாஸ்டிக் துண்டுதான். இரவில் தடத்துக்குள் அளவாக வெட்டிய அலுமினியக் குழாய் ஒன்றைப் படுக்கவைத்தால் நகர்த்தவும் முடியாது.

கிரில் இருக்கும் நான்கையும் நம்பிவிடாதீர்கள். எந்தப் பக்கம் திருகியிருக்கிறது? வெளிப்பக்கம் திருகுத் தலை தெரிந்தால் ஒவ்வொன்றிலும் வெல்டரை ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கம்பி 12 மி.மீ. சதுரம், இடைவெளி 4 அங்குலத்துக்கு மிகாமல். பட்டையால் செய்த அலங்காரக் கிரிலை கார் ஜாக்கி வைத்து விரித்துவிடலாம். நடுவில் குறுக்குப் பட்டை ஒன்று சேர்த்தால் விரியாது. பாத்ரூம் வென்டிலேட்டரில் கண்ணாடி லூவர் (சாய்வாக அடுக்கிய கண்ணாடிப் பட்டைகள்) இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். லூவர் கண்ணாடி வெளியிலிருந்தே உருவ வரும்.

ஏழு_லீவர்
எல்லா ஜன்னலுக்கும் நிரந்தரக் கிரிலா? தீப்பிடித்தால் பெரியவர்கள் எங்கே போவார்கள்?

கொல்லைக்கதவு
நியாயமான கேள்வி. படுக்கையறையில் ஒன்றைக் கீல் வைத்துத் திறக்கும் கிரிலாகச் செய்து உள்ளே பூட்டுங்கள். சாவியை அதே அறையில், ஜன்னலிலிருந்து கை நீட்டினால் எட்டாத தூரத்தில் ஆணியில் மாட்டுங்கள், பீரோவில் வைக்காதீர்கள். இதே காரணத்துக்காக வாசல் சிலிண்டரும் உள்ளே திருகுக் குமிழ் உள்ளதாக இருக்க வேண்டும், இருபுறமும் சாவி கூடாது.

சிலிண்டர்_சிங்காரம்
குமிழுக்கு ஒரு நிபந்தனை: கதவிலோ பக்கத்திலோ கண்ணாடி இருந்து, உடைத்துக் கைவிட்டால் குமிழ் எட்டும் என்றால் முதலில் அந்தக் கண்ணாடிக்குக் கம்பி வேண்டும்.

தாம்பரம்வாசி
வாசலில் கண்ணாடி இல்லை. தகட்டை அளந்தேன், 8தான். நெடுஞ்சட்டம் 115 மி.மீ. அப்படியானால் எஃகுப் பட்டை, 30/30 குமிழ் சிலிண்டரோடு மார்ட்டிஸ், கொல்லைக்குக் கீல் முளையும் தாழும், இரண்டு ஜன்னல் கிரில். ஆல்ட்ராப்பைக் கழற்றிவிடவா?

நிலைப்படி
கழற்றலாம். கழற்றினால் துளைகளை மரக் குச்சியும் பசையும் வைத்து அடையுங்கள், புட்டி வேண்டாம்.

ஏழு_லீவர்
கழற்றாதீர்கள். நீண்ட ஊர்ப் பயணத்துக்கு இரண்டாவது பூட்டு இருக்கட்டும். திருகை எடுத்துவிட்டு போல்ட் போடுங்கள், திறந்த நிலைக்குக் கொக்கியும் அடியுங்கள்.

சிலிண்டர்_சிங்காரம்
இதில் நாங்கள் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள். இரண்டு குறிப்பு. பூட்டு மாட்டியதும் கதவைத் திறந்து வைத்தே சாவி போட்டு டெட்போல்ட்டை வெளியே விட்டுப் பாருங்கள். திறந்திருக்கையில் லகுவாகவும் மூடும்போது இறுக்கமாகவும் இருந்தால் கோளாறு நிலை ஓட்டையில். ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் உப்பி மறுபடி இறுகும். அப்போது சாவியை முறுக்காதீர்கள், ஸ்ட்ரைக் ஓட்டையின் உராயும் ஓரத்தை அரம் வைத்து ஒரு மி.மீ. தேயுங்கள். சிலிண்டருக்குள் தேங்காயெண்ணெய் விடவே கூடாது, தூசியோடு சேர்ந்து பிசினாகி பின்கள் ஒட்டிக்கொள்ளும். கிராஃபைட் தூள் வாங்குங்கள். அவசரத்துக்குச் சாவிப் பற்களில் பென்சிலால் கருமையாகத் தேய்த்து நாலு தரம் போட்டு எடுங்கள்.

ஏழு_லீவர்
லீவர் பூட்டுக்கும் அதே கிராஃபைட்தான். தேங்காயெண்ணெய் விஷயத்தில் மட்டும் சிங்காரம் கட்சியில் சேர்ந்துகொள்கிறேன்.