மறு: 'ஸ்க்ராட்ச்டு டிக்கெட்' – தமிழில் எப்படிச் சொல்வது? (கலிபோர்னியா, 1880)

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கத் தேர்தல் வரலாற்றுச் சொற்களில் 'ஸ்க்ராட்ச்டு டிக்கெட்' மட்டும் தமிழ் இல்லாமல் நிற்கிறது. பெயர் வைப்பதற்கு முன் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1880 நவம்பர் 2 அதிபர் தேர்தல். கலிபோர்னியாவில் ஜனநாயகக் கட்சியின் ஹான்காக் அணிக்கு 80,426 வாக்கு, குடியரசுக் கட்சியின் கார்ஃபீல்டு அணிக்கு 80,282. வித்தியாசம் 144. (சில அட்டவணைகளில் எண் சற்று மாறும், காரணம் பிறகு.) அதிபரைத் தேர்ந்தெடுக்க அம்மாநிலத்துக்கு 6 எலெக்டர்கள். ஹான்காக்குக்கு ஆறும் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது ஐந்து. ஒன்று கார்ஃபீல்டுக்குப் போய்விட்டது.

அந்தக் காலத்தில் அரசு வாக்குச்சீட்டு அச்சடிக்கவில்லை. கட்சிகளே தத்தம் வேட்பாளர் பெயர்களை மட்டும் வரிசையாக அச்சடித்துக் கொடுத்தன. அதில் முத்திரை குத்தும் வேலையே இல்லை. மடித்துப் பெட்டியில் போட்டால் உள்ளே இருக்கும் அத்தனை பெயருக்கும் வாக்கு. ஒருவரை மட்டும் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பெயர்மேல் பென்சிலால் கோடு. அப்படிக் கோடு விழுந்த சீட்டுத்தான் 'ஸ்க்ராட்ச்டு டிக்கெட்'. ஜனநாயகக் கட்சியின் எலெக்டர் வேட்பாளர் ஆறு பேரில் டேவிட் டெரியின் பெயர்மேல் அப்படிப் பல கோடுகள் விழுந்தன. அவர் மாநில உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி. 1859இல் செனட்டர் பிராடெரிக்கோடு துப்பாக்கிச் சண்டைக்கு நின்று அவரைச் சுட்டவர். பிராடெரிக் மூன்றாம் நாள் இறந்தார். இருபத்தொரு ஆண்டு கழித்தும் சொந்தக் கட்சிக்காரர்களில் ஒரு பகுதியினர் அதை மறக்கவில்லை.

என் முன்மொழிவு: 'சுரண்டிய சீட்டு'.

– இரா.

*

> 'சுரண்டிய சீட்டு'

இரா. ஐயா, 'சுரண்டல்' என்றதும் ஒருவருக்கு லாட்டரி நினைவு வரும், இன்னொருவருக்கு முதலாளி நினைவு வருவார். இரண்டும் வேண்டாம். 'கீறிய சீட்டு' என்றாலும் தாள் கிழிந்ததுபோல் ஆகிவிடும். தமிழில் எழுதிய பெயரை என்ன செய்கிறோம்? அடிக்கிறோம். 'அந்தப் பேரை அடிச்சுடு' என்பதற்கு விளக்கம் யாரும் கேட்பதில்லை. ஆகவே 'பெயரடித்த சீட்டு'.

'டிக்கெட்' என்பதையும் அப்படியே விடக்கூடாது. நம் நாளிதழ்களில் 'டிக்கெட் கிடைக்கவில்லை' என்றால் போட்டியிட வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று பொருள். இங்கே அது கையில் பிடிக்கும் தாள். 'கட்சிச்சீட்டு' என்று வைத்தால் 'அரசுச்சீட்டு' அதற்கு எதிர்ச்சொல்லாக நிற்கும். 1891இல் கலிபோர்னியா, அரசே சீட்டு அச்சடித்துக் கொடுக்கும் ஆஸ்திரேலிய முறைக்கு மாறியதைச் சொல்ல அந்த எதிர்ச்சொல் தேவைப்படும்.

– மு.

*

மு. அவர்களின் 'அடித்த'வில் ஒரு தடை இருக்கிறது. பத்திரம் எழுதுவோர் 'அடித்தல் திருத்தல் இல்லை' என்று எழுதிப் பழகிய மொழி நம்முடையது. அடித்தது என்றாலே சந்தேகம். பெயரடித்த சீட்டு என்றதும் வாசகர் அதைச் செல்லாத ஓட்டுக் கணக்கில் வைத்துவிடுவார். கலிபோர்னியாவில் அது முழுக்கச் செல்லும். அடித்த ஒரு பெயருக்கு மட்டும் வாக்கு இல்லை, மற்ற ஐவருக்கும் உண்டு. 'பெயர் நீக்கிய சீட்டு' ஆகுமா?

இன்னொன்று. எலெக்டரை 'வாக்காளர்' என்று எழுதினால் இந்தத் தேர்தலைத் தமிழில் சொல்லவே முடியாது. 'வாக்காளர்கள் ஒரு வாக்காளரை நிராகரித்தனர்' என்று வந்து நிற்கும். 'தேர்வாளர்' என்றால் தமிழ்நாட்டு வாசகருக்குப் பரீட்சை மண்டபம் தெரியும். இலங்கையில் 'தெரிவு' என்பது நடப்பில் உள்ள தேர்தல் சொல். 'தெரிவத்தாட்சி அலுவலர்' என்ற பதவியே இருக்கிறது. எனவே 'தெரிவாளர்'.

– க.

*

க. அம்மாவின் 'தெரிவாளர்' முதல்தரம். ஏற்றுக்கொள்ளலாம்.

'பெயர் நீக்கம்' கூடாது. அது அதிகாரி வாக்காளர் பட்டியலில் செய்வது. இங்கே செய்தவர் வாக்காளர், அதுவும் தன் கையால். செல்லாத ஓட்டு என்ற மயக்கத்தை விளக்கக் குறிப்பில் ஒரு வரி எழுதித் தீர்க்கலாம். செய்தவரையே மாற்றிவிட்டால் எந்தக் குறிப்பும் காப்பாற்றாது.

சொல் ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்பதைக் கணக்கே காட்டுகிறது. இரு கட்சித் தெரிவாளர்களும் தத்தம் அணியின் முழு வாக்கையும் பெற்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 80,426க்கு 80,282.

ஜனநாயகக் கட்சி வாக்காளர் டெரியை அடித்துவிட்டு வெறுமனே விட்டால் டெரிக்கு ஒன்று குறையும், எதிராளிக்கு எதுவும் கூடாது. டெரி தோற்க அப்படி 145 பேர் வேண்டும். அடித்த இடத்தில் குடியரசுக் கட்சித் தெரிவாளர் ஒருவரின் பெயரை எழுதினால் இங்கே ஒன்று குறைந்து அங்கே ஒன்று கூடும். ஒரு சீட்டுக்கு இடைவெளி இரண்டு சுருங்கும். எல்லாரும் அதே பெயரை எழுதினால் 73 பேர் போதும். எண்பதாயிரத்தில் 73!

வெறுமனே அடிப்பதைப் 'பெயரடிப்பு' என்றும், அடித்து வேறு பெயர் இடுவதைப் 'பெயர்மாற்று' என்றும் பிரித்து வைப்போம். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள்; நாமும் குழப்ப வேண்டியதில்லை.

– மு.

*

பெயர்மாற்றுக்குக் கைவழி இரண்டு. ஒன்று, எழுதுவது. மற்றது, பின்பக்கம் பசை தடவிய சிறு காகிதத்தில் அச்சிட்ட பெயரை, வேண்டாத பெயர்மேல் ஒட்டிவிடுவது, ஆங்கிலத்தில் 'பேஸ்டர்'. எதிர்க்கட்சிக்காரர்களும் சொந்தக் கட்சியின் அதிருப்தியாளர்களும் இவற்றைக் கற்றையாக அச்சடித்து விநியோகித்தார்கள். இதற்கு 'ஒட்டுச்சீட்டு' என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். அச்சுக்கோப்பில் ஒரு சுழி கூடினால் 'ஓட்டுச்சீட்டு', மானம் போய்விடும். 'பசைத்துண்டு' போதும்.

இவற்றில் கெடுவது என்னென்ன என்பதையும் விளக்கத்தில் சேர்க்கலாம். பசை உலர்ந்து துண்டு பெட்டிக்குள்ளேயே உதிர்ந்தால் அடியில் இருந்த பழைய பெயருக்கே வாக்கு. துண்டு கோணலாக ஒட்டிப் பழைய பெயரும் பாதி தெரிந்தால் தகராறு. பழைய பெயரை அடிக்காமல் புதிதாக ஒன்றை எழுதிவிட்டால் ஆறு இடத்துக்கு ஏழு பெயர். எந்த ஆறு என்று எண்ணுகிறவருக்குத் தெரியாது, ஆகவே தெரிவாளர் பகுதி முழுவதுமே தள்ளுபடி. பென்சில் கோடு மங்கலாக விழுந்தால் எண்ணுகிறவர் கண்ணைப் பொறுத்தது.

எண்ணும் மேசையிலும் வேலை கூடும். அடிக்காத சீட்டுகளை (அவற்றுக்கு 'முழுச்சீட்டு' என்பேன்) கட்சிவாரியாகக் கட்டி மொத்தமாக எண்ணிவிடலாம். பெயரடித்தவற்றைத் தனியே எடுத்து, ஒருவர் பெயர் பெயராக வாசிக்க, மற்றவர் கோடு போட்டுக் கணக்கு வைக்க வேண்டும். பிழை நுழைவது பெரும்பாலும் இந்த இரண்டாம் குவியலில்தான்.

வாக்காளர் அடித்து எழுதுவதைத் தடுக்கக் கட்சிகள் செய்த தந்திரத்துக்கும் ஒரு சொல் இருக்கிறது. 1871இல் வலேஹோ அருகே மேர் தீவுக் கடற்படைத் தளத்தில் கொடுத்த சீட்டு நூல்போல் ஒடுங்கியது. எழுத்தோ பொடியிலும் பொடி. இன்னொரு பெயர் எழுத இம்மியும் இடமில்லை. 'டேப்வோர்ம்' என்று கேலி செய்தார்கள். 'நாடாப்புழுச் சீட்டு' என்று வைத்தால் மூலத்தின் அருவருப்பு அப்படியே வரும். பின்னர் தாளின் அளவும் தரமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது. 1880இல் டெரியை அடிக்க இடம் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

– இரா.

*

ஒரு எச்சரிக்கை. தெரிவாளர்கள் பிரிந்துபோன எல்லாத் தேர்தலுக்கும் 'பெயரடிப்பு' என்று காரணம் எழுதிவிடக் கூடாது. அதே கலிபோர்னியாவில் 1892இல் கிளீவ்லாண்ட் 118,174, ஹாரிசன் 118,027, வித்தியாசம் 147. தெரிவாளர் 9 பேர் 8–1 ஆகப் பிரிந்தார்கள். 1896இலும் மெக்கின்லிக்கு 8, பிரையனுக்கு 1. ஆனால் 1892க்குள் அரசுச்சீட்டு வந்துவிட்டது. எல்லாக் கட்சிப் பெயரும் ஒரே தாளில். வேண்டியவருக்குக் குறியிடுவதுதான் வாக்கு.

அதாவது முறை தலைகீழாகிவிட்டது. கட்சிச்சீட்டில் சும்மா இருந்தால் வாக்கு விழும், தடுக்கக் கை அசைய வேண்டும். அரசுச்சீட்டில் சும்மா இருந்தால் வாக்கு விழாது. தெரிவாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குறியிட வேண்டிய இடங்களில் சிலர் முதல் பெயருக்கு மட்டும் குறியிட்டு, அதிபருக்கே போட்டாயிற்று என்று மடித்துவிடுவார்கள். அது வெறுப்பு அல்ல, மறதி அல்லது தெரியாமை. அதற்கு 'விடுபாடு' என்று தனிச்சொல் வேண்டும்.

முதல் மடலில் தள்ளிவைத்த கேள்விக்கும் பதில் இங்கே இருக்கிறது. சட்டப்படி மக்கள் ஹான்காக்குக்கோ கார்ஃபீல்டுக்கோ வாக்களிக்கவில்லை, தெரிவாளருக்கே வாக்களித்தார்கள். ஓர் அணியில் ஆறு பேருக்கு ஆறு எண். 'அதிபர் வேட்பாளர் பெற்ற வாக்கு' என்று ஒரு நூல் அணியில் மிகுதியாகப் பெற்றவரின் எண்ணைத் தரும், இன்னொன்று சராசரியைத் தரும். அதனால்தான் அட்டவணைகள் ஒத்துவருவதில்லை. தமிழில் எழுதும்போது 'ஹான்காக் பெற்ற வாக்கு' என்பதைவிட 'ஹான்காக் அணி பெற்ற வாக்கு' என்பதே சரி.

– க.

*

க. அம்மா சொன்ன தலைகீழ்த்தன்மையை வரையறையின் முதல் வரியிலேயே வைத்துவிடலாம். சேர்க்க வேண்டிய உள்ளீடு:

பெயரடித்த சீட்டு: கட்சி அச்சடித்துக் கொடுத்த சீட்டில் வாக்காளர் ஒன்றோ பலவோ பெயர்களைத் தன் கையால் அடித்துவிட்டுப் போட்டது. அடிக்காத பெயர்களுக்கு வாக்கு செல்லும். எடுத்துக்காட்டு: 1880இல் கலிபோர்னியாவின் ஜனநாயகக் கட்சித் தெரிவாளர் டெரி, பெயரடித்த சீட்டுகளால் தோற்றார், அவருடைய அணியின் மற்ற ஐவரும் வென்றனர். ஒப்பு நோக்குக: முழுச்சீட்டு, பெயர்மாற்று, பசைத்துண்டு, விடுபாடு.

'குடவோலை' என்பதிலிருந்து 'ஓலை'யை எடுத்துக் 'கட்சியோலை' எனலாமே என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். அழகாக இருக்கிறது, ஆனால் உத்திரமேரூர்க் குடவோலை குலுக்கி எடுப்பது. எண்ணும் காரியத்துக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தால் இரண்டும் கெடும்.

– மு.

*

உள்ளீடு சரி. 'பெயர்மாற்று' என்பதை மட்டும் 'பெயர்மாற்றுச் சீட்டு' என்று முழுதாக எழுதுங்கள், 'ச்' விடாமல். தனியே 'பெயர்மாற்று' என்று விட்டால் அரசிதழில் பெயர் மாற்ற வருகிறவர்கள் எல்லாரும் இந்தப் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

– இரா.