தெருவில் பனியே இல்லை, பள்ளிக்கு லீவா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அமெரிக்காவில் மிச்சிகன் வந்த முதல் குளிர்காலம். விடியற்காலை அஞ்சரைக்குப் போன் அடித்ததும் ஊரில் யாருக்கு என்ன ஆச்சோ என்று திக்கென்றது. எடுத்தால் பதிவு செய்த குரல், இன்று பள்ளி இல்லையாம். திரையை விலக்கிப் பார்க்கிறேன், தெருவில் தார் பளிச்சென்று தெரிகிறது. இதற்கா லீவு? எனக்கோ அன்றைக்கு ஆபீஸ் போயே ஆகவேண்டும்.

பக்கத்து வீட்டுப் பாட்டி பள்ளி பஸ் ஓட்டி ரிட்டயரானவர். அவர்தான் விளக்கினார்: உன் தெருவைப் பார்க்காதே, வயல் பக்கத்துச் சரளை ரோடுகளும் இதே பள்ளி வட்டாரம்தான், அங்கே பஸ் வழுக்கினால் நேராகப் பள்ளத்தில். உப்புப் போட்ட ரோட்டிலும் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் ஐஸ் அவ்வளவாகக் கரையாது. கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு கட்டிப்பட்டு ஃபில்டரை அடைத்து, பஸ்ஸே கிளம்பாது. எல்லாவற்றுக்கும் மேல் ஸ்டாப்பில் நிற்கிற பிள்ளை. காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 25 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் போனால் மூடாத காதும் மூக்கும் அரை மணிக்குள் உறைந்து புண்ணாகிவிடும், பஸ் லேட்டானால் என்ன செய்வது?

2019 ஜனவரி கடைசியில் ஆளுநர் விட்மர் அவசரநிலையே அறிவித்தார். வாரம் முழுக்கப் பிள்ளைகள் வீட்டில். 30-ஆம் தேதி ராத்திரி எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது. மக்கோம்ப் கவுண்டியில் வீடுகளுக்கு எரிவாயு அனுப்பும் நிலையத்தில் தீ, கேஸை மிச்சம் பிடிக்க ஹீட்டரை 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் (சுமார் 18 செல்சியஸ்) குறைத்துவையுங்கள் என்று. நாங்கள் நாலு பேரும் ஒரே அறையில் கம்பளிக்குள். இங்கே இப்படி விடும் லீவில் வருடத்துக்கு 6 நாள் வரை மன்னிப்பு, தாண்டினால் பெரும்பாலும் ஜூனில் ஈடுகட்ட வேண்டும். அந்த வருடம் அவசரநிலை நாட்களைக் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்று தனியாகச் சட்டம் போட்டார்கள், பிழைத்தோம்.

—

மினசோட்டாவிலிருந்து: 65-க்கே கம்பளியா! 2014 ஜனவரி 6 அன்று ஆளுநர் டேட்டன் மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளை மூடினார், 17 வருடத்தில் முதல் தடவையாம், அதுவும் பனிக்காக இல்லை, வெறும் குளிருக்காக. குப்பை போட வெளியே போனேன், மூச்சை இழுத்ததும் மூக்கு முடி ஒட்டிக்கொண்டது. நம்பமாட்டீர்கள், கூசும்.

—

நான் வேறு கதை சொல்கிறேன். லீவு வரவேண்டும் என்று என் பெண் ராத்திரி பைஜாமாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தலையணைக்கு அடியில் ஸ்பூன் வைத்து, டாய்லெட்டில் ஐஸ் கட்டியைக் கொட்டுவாள், இங்கே பிள்ளைகள் எல்லாருமே செய்கிற சடங்குதான். இப்போது எங்கள் பள்ளியில் லீவு விட்டாலும் ஆன்லைன் வகுப்பு வைத்துவிடுகிறார்கள். போன வாரம் ஸ்பூனோடு லேப்டாப் சார்ஜரும் தலையணைக்கு அடியில் இருந்தது.